பிழை பிடிக்கிற வியாதி

கலியாண வீடுகளில் என் சஹனில் உட்கார ஆட்கள் போட்டி போடுவார்கள். என் மேல் உள்ள மரியாதை என்றுதான் பல வருடங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். ஒரு சஹனைச் சுற்றி ஆறு பேர் உட்கார்ந்து ஒரே தட்டில் கைவைத்துச் சாப்பிடுவது எங்கள் வழக்கம். பிஸ்மி சொல்லி முதல் கவளம் எடுத்ததும் யாராவது ஒருவர், "சேர், இந்தக் கதிரை எண்டது நம்மட சொல்லா?" என்று கேட்பார். அவ்வளவுதான். போர்த்துக்கேயர் கொழும்பில் இறங்கியதில் தொடங்கி, கதிரை, அலுமாரி, பாண் என்று வந்து, கற்பிட்டியில் ஒல்லாந்தர் கோட்டை கட்டிய இடத்துக்கு நான் வந்து சேரும்போது தட்டில் இறைச்சியும் இருக்காது, முட்டையும் இருக்காது. வெறும் சோற்றில் என் கை கிடக்கும். மற்ற ஐந்து பேரும் கை கழுவப் போயிருப்பார்கள். "ஒங்களுக்குப் பக்கத்துல இருந்தா ரெண்டு பங்கு கிடைக்குமாம், ஊரே சிரிக்குது" என்று என் மனைவிதான் ஒருநாள் சொன்னாள்.

பாடசாலையிலும் அதே கதைதான். கற்பிட்டிப் பக்கத்தில் சரித்திரம் படிப்பிக்கிறவன் நான். தவணைச் சோதனை வைக்கிற நாட்களில், வினாத்தாளை நான் கையில் எடுத்ததும் பின்வரிசை வாங்கில் ஒரு கை உயரும். "சேர், ஒல்லாந்தர் ஏன் சேர் கோட்டைக்கு முருகைக்கல் பாவிச்சாங்க?" எவ்வளவு ஆர்வமுள்ள பிள்ளை! வினாத்தாளை மேசையில் வைத்துவிட்டுத் தொடங்குவேன். மணியடிக்கும். சோதனை அடுத்த கிழமைக்குப் போகும். அந்தக் கேள்வியைக் கேட்பதற்குப் பிள்ளைகள் முறை வைத்திருந்தார்கள் என்பது எனக்கு ஐந்தாம் வருடத்தில்தான் தெரிந்தது. கோபம் வந்தது உண்மை. ஆனால் அடுத்த முறையும் பதில் சொன்னேன்.

சொல்லிக் கொடுக்கிற ஆசையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. எனக்கு இன்னொரு வியாதியும் இருக்கிறது. யாராவது ஒரு வருடத்தைப் பிழையாகச் சொன்னால் தொண்டை அரிக்கும். ஒரு வெள்ளிக்கிழமை மௌலவி ஸ்பெயின் கதை சொல்லும்போது ஒரு நூற்றாண்டை மாற்றிச் சொல்லிவிட்டார். குத்பாப் பிரசங்க நேரம் வாய் திறக்கக்கூடாது என்பதால் தொழுது முடியும்வரை பொறுத்திருந்து, செருப்புப் போடுகிற இடத்தில் ஆளைப் பிடித்தேன். மனுசன் ஒரு கால் செருப்போடு நின்று கேட்டார். அதற்குப் பிறகு அவர் ஸ்பெயின் பக்கமே போகவில்லை. நான் அதை என் வெற்றியாக எண்ணி மனைவியிடம் சொன்னேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள், நிமிர்ந்தும் பார்க்கவில்லை.

இந்த வியாதி என் மூத்த சகோதரியின், எங்கள் பேச்சில் ராத்தாவின், காணியில் கைவைத்த கதையைத்தான் சொல்ல வந்தேன்.

நாங்கள் மன்னார்ப் பக்கத்துக் கரையோரக் கிராமம் ஒன்றிலிருந்து யுத்தத்தின்போது தொண்ணூறில் விரட்டப்பட்டு வந்தவர்கள். எனக்கு அப்போது பதினேழு வயது. வாப்பாவின் காணிக்கு அரசாங்கம் கொடுத்த பெர்மிட் ஒரு தகரப்பெட்டியில் இருந்தது. பெட்டி அங்கேயே நின்றுவிட்டது. நாங்கள் புத்தளத்தில் முகாமில் இருந்தோம். உம்மா முதலிலும், வாப்பா யுத்தம் முடிவதற்குக் கொஞ்சம் முந்தியும் மௌத்தானார்கள். நான் ஆசிரியனாகி வீடு கட்டிக்கொண்டேன். ராத்தாவுக்கு அப்படி அமையவில்லை. மச்சானும் போய்ச் சேர்ந்த பிறகு கனமூலையில் மகளோடு இருந்தாள். மகள் தங்கமான பிள்ளை, மருமகனையும் ஒரு குறை சொல்ல முடியாது. என்றாலும் அந்த வீட்டில் ராத்தா குசினிக்குள் போகும்போதுகூட வாசலில் ஒரு நிமிடம் நின்றுதான் போவாள். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்காது.

"வாப்பாட காணியில ஒரு கொட்டில் போட்டுத் தந்தாப் போதும்டா. எங்கட கெணத்துத் தண்ணி குடிச்சி, என்ட வாசல்ல இருந்து மௌத்தாகோணும்" என்றாள்.

யுத்தம் முடிந்து சில வருடங்களில் அந்தப் பக்கத்துக் காணிகளை விசாரிக்கிறார்கள் என்று கடிதம் வந்தது. காணிக் கச்சேரி என்பார்கள். பத்திரம் தொலைத்தவர்கள், அங்கே வாழ்ந்ததை அறிந்த ஒரு சாட்சியோடு வந்து சொல்ல வேண்டும். உறுதிப்படாத காணி வேறு ஆட்களுக்குப் போகும்.

"நீ பயப்படாத ராத்தா, சரித்திர மாஸ்டர் நான் இரிக்கன்" என்று நெஞ்சில் தட்டிச் சொன்னேன். தட்டியது இப்போதும் வலிக்கிறது.

ஒரு கிழமை லீவு போட்டு ஒன்பது பக்கத்தில் ஒரு விண்ணப்பம் எழுதினேன். அரபுக் கப்பல்கள் முத்துக்கு வந்ததிலிருந்து தொடங்கினேன். வாப்பா ஏழாம் பக்கத்தில்தான் வந்தார்.

சாட்சிக்கு வாப்பாவின் கூட்டாளியைப் பிடித்தோம். ஊரில் இரண்டு பேரும் ஒன்றாகவே தோட்டம் செய்தவர்கள். இங்கே வந்த பிறகு அவர் பாலாவியில் உப்பளத்தில் வேலை செய்து, குதிகால் இரண்டும் வெடித்துப் போயிருந்தது. மூன்று பேரும் விடிய வெளிக்கிட்டு, வண்ணாத்திவில்லு தாண்டி, காட்டுப் பாதையால் பஸ்ஸில் போனோம்.

காணி உத்தியோகத்தர் ஒரு இளம் தமிழ்ப் பெண். என் ஒன்பது பக்கத்தையும் வாங்கி, முதல் பக்கத்தைப் பார்த்தார், கடைசிப் பக்கத்தைப் பார்த்தார், மெதுவாகக் கோப்புக்கு அடியில் வைத்தார்.

"வடிவா எழுதியிருக்கிறியள் சேர். காணிக்கு வடக்கு எல்லையில ஆர் இருந்தவை?"

எனக்குத் தெரியவில்லை. ஒல்லாந்தரின் எல்லை எதுவரை போனது என்று கேட்டிருந்தால் படமே கீறியிருப்பேன். ராத்தா பின்னாலிருந்து நான்கு எல்லையையும் மூச்சு விடாமல் சொன்னாள். மேற்கில் இருந்த நாவல் மரம்கூட வந்தது. அந்தப் பெண் சந்தோசமாக எழுதிக்கொண்டு கூட்டாளியின் பக்கம் திரும்பினார்.

"சொல்லுங்கோ ஐயா. இவையின்ர தகப்பன் அந்தக் காணியில இருந்தவரோ?"

"இருந்தவனா? நல்லாக் கேட்டீங்க புள்ள! அந்தக் கெணத்த வெட்டினதே நானும் அவனுந்தான். சூறாவளி அடிச்ச வருசம். இந்தா இரிக்கிறாவே மூத்தவ, இவ பொறந்த வருசம். புள்ளத்தாச்சி தண்ணிக்கு நடக்க வாணாம் எண்டு ராவு பகலா வெட்டினான் மடையன்."

பேனை ஓடிக்கொண்டிருந்தது. ராத்தாவின் முகத்தை அன்றைக்குப் போல நான் பார்த்ததே இல்லை. இன்னும் இரண்டு கேள்வி, ஒரு கையெழுத்து, எல்லாம் முடிந்திருக்கும். எனக்குத் தொண்டை அரித்தது.

"மன்னிக்கோணும் மாமா" என்றேன். "சூறாவளி அறுபத்திநாலு டிசம்பர். ராத்தா பொறந்தது எழுபது. ரெண்டும் ஒரே வருசமா இரிக்க ஏலா."

பேனை நின்றது.

"அப்ப ஐயா, எந்த வருசம் கிணறு வெட்டினது?"

கூட்டாளி என்னைப் பார்த்தார். ராத்தாவைப் பார்த்தார். விரலை மடக்கி எண்ணத் தொடங்கிப் பாதியில் விட்டுவிட்டார். "சேர் சொன்னா சரியாத்தான் இரிக்கும். அவரு படிச்சவரு. எனக்கு வயசு போயிட்டு புள்ள, ஞாபகம் பிசகியிருக்கும்."

"கிணறு வெட்டினது நிச்சயமா நீங்கள்தானே?"

"அப்புடித்தான் நெனச்சிக்கிட்டிருந்தன்" என்றார் அவர்.

அந்தப் பெண்ணுக்கும் சங்கடம். சாட்சி உறுதியாகச் சொல்லவில்லை என்று எழுதாமல் விட முடியாது, ஒரு மாதம் தள்ளி இன்னொரு நாள் தருகிறேன், யோசித்து வாருங்கள் என்றார். வெளியே வந்தபோது எனக்குள்ளே என்ன இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன், வெட்கமாகத்தான் இருக்கிறது. காணி கை நழுவுகிறதே என்ற பயத்துக்கு அடியில், வருடத்தைச் சரியாகச் சொன்னேன் என்று ஒரு சின்னச் சந்தோசம் இருந்தது. என்ன பிறவியோ நான்!

திரும்பி வரும் வழியில், வண்ணாத்திவில்லில் பஸ் நின்றதும் கூட்டாளி தேத்தண்ணி குடிக்க இறங்கினார். அப்போதுதான் ராத்தா வாய் திறந்தாள்.

"நான் பொறந்த வருசம் ஊருல ஒரு காத்து அடிச்சிச்சி. எங்கட கூர போச்சி, பள்ளிட தகரமும் போச்சி. உம்மா சொல்லிச் சொல்லி எனக்குப் பாடம். ஊருல அதத்தான் சூறாவளி எண்டு சொல்ற. எல்லாக் காத்தும் ஒன்ட புத்தகத்துல வருமாடா?"

"அத நீ அங்கயே சொல்லியிருக்கலாமே ராத்தா!"

"நீ வாயத் தொறந்த பொறவு யாரு கதைக்கிற? வாப்பாவும் அப்புடித்தானே கதைக்கிறத உட்டாரு."

எனக்கு விளங்கவில்லை. வாப்பா கதைப்பதை விட்டது எனக்குத் தெரியாததா? கடைசிக் காலத்தில் ஊரைப் பற்றி ஒரு சொல் பேசமாட்டார். ஊரை இழந்த துக்கம் மனிதனின் நாக்கைக் கட்டிவிட்டது என்று பாடசாலை மலரில் ஒரு கட்டுரையே எழுதியிருந்தேன். வாசித்த அதிபர் கண் துடைத்தார்.

"துக்கமாம்!" என்றாள் ராத்தா. "முகாமுக்கு வந்த பொறவும் நல்லாத்தான் கதைச்சாரு. நீ ட்ரெய்னிங் முடிச்சி வந்தாய் பாரு, அதோட சரி. அவரு ஒண்டு சொல்ல, நீ இல்ல வாப்பா எண்டு ஒண்டு சொல்ல. நீ ஸ்கூலுக்குப் போன பொறவு எங்களுக்குச் சொல்லுவாரு. ஒன்ட சைக்கிள் சத்தம் கேட்டா, இன்ஸ்பெக்டர் வாரான் எண்டு சிரிச்சிட்டு நிப்பாட்டிருவாரு."

அவள் சொல்லச் சொல்ல எனக்கு ஞாபகம் வந்தது. ஊருக்குப் பக்கத்தில் கடலோரமாக ஒரு பெரிய வீடு இடிந்து கிடக்கும். அதில் ஒரு ராணி இருந்தாள், கடலுக்குச் சுரங்கம் வைத்திருந்தாள் என்று வாப்பா முகாமில் பிள்ளைகளை உட்கார வைத்துச் சொல்லிக்கொண்டிருந்தார். நான் குறுக்கே போய், ராணியும் இல்லை சுரங்கமும் இல்லை, முத்துக்குளிப்பைப் பார்க்க ஒரு வெள்ளைக்காரத் தேசாதிபதி கட்டிய வீடு என்று வருடத்தோடு சொன்னேன். "அப்புடியா மகன்" என்றார். எத்தனை தடவை அப்படிச் சொன்னாரோ! அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். தேத்தண்ணி குடித்துவிட்டு ஏறிய கூட்டாளி, நான் அழுவதைப் பார்த்து, "காணி கிடைக்கும் சேர், யோசிக்க வாணாம்" என்றார்.

அடுத்த மாதம் போகும்போது ராத்தா ஒரே ஒரு கட்டளைதான் போட்டாள். "நீ வா. ஆனா உள்ளுக்கு வராத."

சைக்கிள் நிறுத்துகிற கொட்டகையில் உட்கார்ந்திருந்தேன். அரை மணித்தியாலத்துக்குள் வாசலில் பதித்திருந்த திறப்புவிழாக் கல்லின் எழுத்தில் ஒரு பிழை கண்டுபிடித்தேன். சொல்ல ஆள் கிடைக்கவில்லை. உள்ளே இருந்து ஒரு தடவை பெரிய சிரிப்புச் சத்தம் கேட்டது. அந்த உத்தியோகத்தரும் சேர்ந்துதான் சிரித்தார். கூட்டாளியும் ராத்தாவும் வெளியே வந்தபோது அவளுடைய முக்காடு தோளில் கிடந்தது. அழுத கண். "அல்ஹம்துலில்லாஹ், முடிஞ்சி" என்றாள்.

திரும்பி வரும்போது கூட்டாளி கம்பியில் தலையைச் சாய்த்துத் தூங்கிவிட்டார். நான் மெதுவாகக் கேட்டேன்.

"என்ன சொன்னாரு?"

"கெணத்துக் கதையோட நிக்கல்ல. நான் பொறந்த அண்டைக்கு வாப்பா செஞ்ச வேலையச் சொன்னாரு. எனக்கே தெரியாது அது. அந்தப் புள்ள பேனைய வெச்சிட்டுக் கேட்டிச்சி."

"வாப்பா என்ன செஞ்சாரு?"

ராத்தா சொல்லத்தான் வந்தாள். உதடுகூட அசைந்தது. பிறகு என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள்.

"வாணாம். நீ பிழை புடிப்பாய்."

"வல்லாஹி புடிக்க மாட்டன் ராத்தா!"

"பொறவு பாப்பம்" என்று ஜன்னல் பக்கம் திரும்பிவிட்டாள்.

காணி கிடைத்தது. கொட்டில் போட்டு, பிறகு கல்வீடாக்கி, ராத்தா அங்கேதான் இருக்கிறாள். கிணற்றைத் துப்பரவாக்கித் தண்ணீர் குடிக்கிறாள். கூட்டாளி மௌத்தாகி இப்போது சில வருடம். ஒவ்வொரு லீவுக்கும் நான் போகிறேன், ஒவ்வொரு முறையும் கேட்கிறேன், பொறவு பாப்பம் என்கிறாள். போன நோன்புப் பெருநாளுக்கு அவளுடைய மகளைத் தனியாகப் பிடித்தேன்.

"மகள், ஒங்கட உம்மா பொறந்த அண்டைக்கு அவட வாப்பா என்ன செஞ்சாரு? ஒனக்குச் சொன்னாவா?"

அவள் சிரித்தாள். "சொன்னாங்க மாமா. எத்தின தரம்! ஆனா ஒங்களுக்குச் சொல்ல வாணாம் எண்டு சத்தியம் வாங்கியிரிக்காங்க."

மருமகனிடமும் கேட்டுப் பார்த்தேன். அவனுக்கும் தெரியும்.