வேர்க்கடலைத் தோல் கரி

கல்யாணமாகி நான் திருவேற்காட்டுக்கு வந்தபோது, சீர்ச் சாமான்களோடு இரண்டு மூட்டை வேர்க்கடலைத் தோலும் வந்து இறங்கியது. அத்தை, அதாவது என் மாமியார், ஒரு மூட்டையைப் பிரித்துக் கையை விட்டுத் துழாவினார்.

"கடலையே இல்லியேம்மா. வெறுந்தோலாக் கீது?"

"என் படிப்புக்கு அத்தை. இதைக் கரியாக்கணும்."

அப்பாவுக்கு ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் வேலை. குவார்ட்டர்ஸில் வளர்ந்த நான் வேதியியலில் எம்.ஃபில். சேர்ந்த சில மாதங்களிலேயே வரன் அமைந்துவிட்டது. படிப்பை முடிக்க விடுகிறோம் என்று மாப்பிள்ளை வீட்டார் சொன்ன பிறகுதான் அப்பா சம்மதித்தார். அத்தை வீட்டில் தலைமுறையாக விவசாயம். நிலத்தில் பாதி மனையாகிப் போயிருந்தது. கணவர் அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் பட்டறைக்குப் போய்க்கொண்டிருந்தார்.

கரி எதற்கு என்று அத்தை விடாமல் கேட்டார். புகைபோக்கியிலிருந்து வெளியேறும் கரியமில வாயுவைப் பிடித்து வைக்கும் கரி இது, அந்த வாயு காற்றில் கூடக்கூட உலகம் சூடாகிறது என்று சொன்னேன்.

"இப்பவே வெயில் மண்டையப் பொளக்குது. சீக்கிரம் புடி" என்று சொல்லிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விட்டார்.

தோலைக் கழுவி மொட்டை மாடியில் காயவைப்பது வீட்டு வேலை. மற்றதெல்லாம் கல்லூரியில். அமிலத்தில் ஊறவைத்து, மூடிபோட்ட பாத்திரத்தில் அடைத்து மின் உலைக்குள் வைக்க வேண்டும். மூடி சரியாக உட்காராமல் காற்று நுழைந்துவிட்டால் கரி மிஞ்சாது, சாம்பல்தான். சரியாக வந்தால் கண்ணுக்குத் தெரியாத துளைகள் நிறைந்த கரி கிடைக்கும். வாயு அந்தத் துளைகளில் போய் ஒட்டிக்கொள்ளும். முதல் தடவை எனக்குச் சாம்பல்தான் கிடைத்தது. பூந்தமல்லி பஸ்ஸில் ஜன்னல் பக்கம் திரும்பி அழுதுகொண்டே வந்தேன்.

கரி ஒழுங்காக வரத் தொடங்கியபோது நான் உண்டாகியிருந்தேன். நாலாம் மாதத்தில் கலைந்துவிட்டது. யார் மேலும் தப்பில்லை, சில நேரம் இப்படி ஆவதுதான் என்று டாக்டரம்மா சொன்னார். எனக்கு மனசு ஆறவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வந்த மறுநாள் பக்கத்து வீட்டு அம்மாள் வாசலில் நின்று பேசியது உள்ளே படுத்திருந்த என் காதில் விழுந்தது.

"ஆசிட்டு கீசிட்டுனு மோந்துகினு இருந்தா எப்டி தங்கும்?"

நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருந்தேன். பிறகு அத்தையின் குரல் கேட்டது.

"இவனுக்கு முன்னாடி எனக்கு ரெண்டு போச்சு. நான் இன்னா ஆசிட்டா மோந்தேன்? நாத்து நட்டுகினு இருந்தேன்."

அந்த அம்மாள் போய்விட்டார். அத்தை உள்ளே வந்து, என் பக்கம் பார்க்காமல், கொடியில் கிடந்த துணிகளை மடித்தார். அந்த இரண்டைப் பற்றிக் கணவருக்கும் அதுவரை தெரியாது என்று பின்னால்தான் அறிந்தேன்.

அதற்குப் பிறகு நான் கல்லூரிக்குப் போகவில்லை. கணவருக்கு என்ன பேசுவதென்று தெரியவில்லை. தினமும் பட்டறையிலிருந்து வரும்போது பூ வாங்கி வந்து அலமாரியில் வைப்பார். நான் எடுத்து வைத்துக்கொள்ளாவிட்டாலும் மறுநாளும் வாங்கி வருவார்.

ஒரு நாள் காலை மாடியிலிருந்து தண்ணீர் சொட்டியது. ஏறிப் பார்த்தேன். கழுவிய தோலைப் பழைய புடவையில் பரப்பிவிட்டு, அணில் வராமல் பார்த்துக்கொண்டு அத்தை உட்கார்ந்திருந்தார்.

"கல்லு மண்ணெல்லாம் பொறுக்கிட்டேன். காஞ்சதும் காலேஜுக்கு எடுத்துகினு போலாம். நானும் வர்றேன். நீ இன்னாதான் புடிக்கிறனு பாக்கணும்."

கல்லூரியில் என் பேராசிரியை அத்தைக்கு ஸ்டூல் எடுத்துப் போட்டார். நான் ஒரு குடுவையில் தெளிந்த சுண்ணாம்புத் தண்ணீரை ஊற்றினேன்.

"வெத்தலைக்குப் போடற சுண்ணாம்பா?"

"அதேதான். கரைச்சு வடிகட்டினது. இந்தக் குழாய்ல ஊதுங்க அத்தை."

ஊதினார். தண்ணீர் வெளுத்தது.

"பாலாட்டம் ஆயிடுச்சே."

"உங்க மூச்சுல இருக்கற கரியமில வாயுதான் இப்படி வெளுக்க வைக்குது."

வேறு குடுவை வைத்து, நடுவில் என் கரியை நிரப்பிய கண்ணாடிக் குழாயை இணைத்தேன். அத்தை ஊதினார். குமிழிகள் வந்தன, தண்ணீர் தெளிவாகவே இருந்தது. முந்தானையால் வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி ஊதினார். அப்போதும் தெளிவு. மூச்சு வாங்கி வாங்கி ஊதிக்கொண்டே போனார். கடைசியில் மெல்ல வெளுக்கத் தொடங்கியது.

"ரொம்பிடுச்சா?"

"ரொம்பிடுச்சு. சூடு பண்ணினா விட்டுடும். அப்புறம் மறுபடி பிடிக்கும்."

குழாயைக் கையில் வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். "என் மூச்சு இதுக்குள்ளயா கீது?"

நான் சிரித்துவிட்டேன். சிரித்து எத்தனையோ நாளாகியிருந்தது. சிரிப்பு நிற்பதற்குள் அழுகை வந்துவிட்டது. பேராசிரியை எதையோ எடுப்பதுபோல அடுத்த அறைக்குப் போனார். அத்தை என் முதுகைத் தடவிக்கொண்டேயிருந்தார்.

மறுநாளிலிருந்து கல்லூரிக்குப் போனேன். ஒப்பிட்டுப் பார்க்கக் கடையில் வாங்கிய தேங்காய் ஓட்டுக் கரி என் கரியைவிட அதிகமாக வாயுவைப் பிடித்தது. இதை எப்படி எழுதுவது என்று தயங்கினேன். "வந்ததை வந்தபடி எழுது" என்றார் பேராசிரியை. அப்படியே எழுதினேன்.

வாய்மொழித் தேர்வின்போது மகள் வயிற்றில் இருந்தாள். துணைக்கு வந்த அத்தை மரத்தடியில் சாப்பாட்டுத் தூக்கோடு காத்திருந்தார்.

"இன்னா சொன்னாங்க?"

"தேங்கா ஓட்டுக் கரிதான் இன்னும் நல்லாப் பிடிக்குதுன்னு சொன்னாங்க. ஆனா பாஸ் பண்ணிட்டேன் அத்தை."

தூக்கைத் திறந்து எலுமிச்சைச் சாதத்தை என் கையில் கொடுத்தார். நான் ரெண்டு வாய் சாப்பிடும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"கோயிலாண்ட தேங்கா ஓடு நெறைய கெடக்குது. எடுத்து வைக்கச் சொல்றேன்" என்றார்.