சம்பந்தி கட்டிய சிவப்புச் சீட்டுகள்

2025 ஆகஸ்டு பதினேழு, ஞாயிற்றுக்கிழமை, மாலை நான்கு மணி பத்து நிமிடம். வெளியே ஓசூரின் நனைக்காத தூறல். ஸ்வெட்டர் போடலாமா வேண்டாமா என்று முடிவெடுக்க விடாத குளிர். அந்த நேரத்தில்தான் என் சம்பந்தி, அதாவது என் மருமகளின் அப்பா, தன் வீட்டுக் கூடத்துச் சுவரில் குத்தியிருந்த நாற்பத்தொரு அட்டைகளில் இருபத்தொன்பதுக்குச் சிவப்புச் சீட்டு கட்டினார். ஒவ்வொரு அட்டையும் ஒரு வகை ஆள். சீட்டு விழுந்த அட்டைக்கு நான்கு ஞாயிறு கெடு. அதற்குள் யாரும் அந்த ஆளாக ஆடாவிட்டால் அது குப்பைக்குப் போகும் என்று அறிவித்துவிட்டு, கடைசி முடிச்சின் நூலில் சிக்கிய கட்டை விரலை விடுவிக்கப் பார்த்தார்.

அது மேசையைச் சுற்றி உட்கார்ந்து ஆடும் கதை ஆட்டம். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக இருந்து, தான் அடுத்து என்ன செய்யப்போகிறேன் என்று சொல்வார்கள். அது பலிக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகனும் மருமகளும் கற்றுக்கொண்டு வந்தது. சம்பந்தியின் மனைவி இறந்துபோன பிறகு, அவரைக் கொஞ்சம் பேசவைக்கலாமென்று ஒரு ஞாயிறு ஆடிக் காட்டினார்கள். அடுத்த ஞாயிறு அவரே நடத்துவதாகச் சொல்லிவிட்டார். அவர்கள் கொண்டுவந்த கோட்டைகளையும் பனிமலைகளையும் தள்ளிவைத்துவிட்டு, அஞ்செட்டிக் காட்டையும் யானை இறங்கும் ஓடையையும் கெலமங்கலம் சந்தையையும் வைத்துக் கதை கட்டினார். ஆட்கள் ஆறே வகை: காவல்காரன், வைத்தியச்சி, வேடன், வண்டிக்காரன், மந்திரவாதி, வியாபாரி. நான் வண்டிக்காரன். மகனோடு வேலை பார்க்கும் கோயம்புத்தூர்க்காரர் ஒருவரும் சேர்ந்தார். நாங்கள் நான்கு பேர், நடத்துபவர் ஒருவர், ஆறு அட்டைகள். அந்த மாதங்களில் எனக்கு எந்தக் கவலையும் இருந்ததாக நினைவில்லை. என் சுபாவத்துக்கு அது பெரிய விஷயம்.

முதலில் கேட்டது என் மகன். "மாமா, வேடனுக்கு ஒரு நாய் இருந்தா நல்லாருக்கும்." நாய்க்காரன் என்று ஏழாவது வகை பிறந்தது. மருமகள் தனக்கு விஷம் தெரிந்த வைத்தியச்சி வேண்டுமென்றாள், எட்டு. கோயம்புத்தூர்க்காரர் கைபேசியில் எங்கிருந்தோ பிடித்துக்கொண்டு வந்து பாதி ஆள் பாதி யானையாக ஒருவன் வேண்டுமென்றார். அதற்கும் அட்டை எழுதினார் சம்பந்தி. ஒவ்வொரு வகைக்கும் ஐந்து திறமை. ஒவ்வொரு திறமைக்கும் விதி. ஒரு வகையைச் சேர்த்தால் அது மற்ற எல்லா வகைகளோடும் மோதிப் பார்க்கப்பட வேண்டும். ஆறு வகை என்றால் பதினைந்து ஜோடி. நாற்பத்தொன்று என்றால் எண்ணூற்று இருபது. இதைக் கணக்குப் போட்டு அவரிடம் காட்டினேன்.

"தெரியுதுங்க சம்பந்தி," என்றார். "முப்பத்தோரு வருசம் ஃபேக்டரில ஸ்டோர் பாத்தவன் நான். சரக்கு ஏறுனா என்ன ஆகும்னு எனக்குத் தெரியாதுங்களா?"

"அப்புறம் ஏன் கேட்டதெல்லாம் குடுக்கறீங்க?"

அவர் சமையலறைப் பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். மருமகள் அங்கே காப்பி போட்டுக்கொண்டிருந்தாள். "புது ஆளு குடுத்தா, அதை ஆடிப் பாக்கவாவது அடுத்த வாரம் வருவாங்க இல்லீங்களா? பெங்களூர்லருந்து வர்ற வழியில அத்திப்பள்ளி டோல்ல ரெண்டு மணி நேரம் நிக்கறாங்க. சும்மா அப்பனைப் பாக்கறதுக்கு யாருங்க வருவாங்க?"

என் மகனும் என்னைப் பார்க்க வருவது அந்த ஆட்டத்தை ஒட்டித்தான்.

ஆனால் வகைகள் கூடக்கூட ஆட்டம் நகர மறுத்தது. ஒருவர் ஏதாவது செய்தால் சம்பந்தி எழுந்து சுவருக்குப் போவார், அட்டையைத் தேடுவார், கண்ணாடியை மாற்றுவார், திரும்பி வருவதற்குள் கேள்வி மறந்துபோகும். "மாமா, லோட் ஆகுது போல," என்பான் என் மகன். எல்லோரும் சிரிப்பார்கள். அவரும் சிரிப்பார். அதற்கு மருந்தாகத்தான் தன் தொழிற்சாலை வழக்கத்தைக் கொண்டுவந்தார். அங்கே ஸ்டோரில் யாரும் தொடாமல் கிடக்கும் பொருளுக்குச் சிவப்புச் சீட்டு கட்டுவார்கள். கெடுவுக்குள் யாரும் கேட்டு வராவிட்டால் அது காயலான் கடைக்குப் போகும். பிள்ளைகள் கேட்டதை அவர் மறுக்கவில்லை, சீட்டு மறுக்கிறது; யாருக்கும் வருத்தமில்லை என்று நினைத்தார்.

அந்தச் சீட்டை எப்படி ஏமாற்றுவது என்பதும் எல்லாத் தொழிற்சாலைகளிலும் தெரிந்ததுதான். கெடு முடிவதற்கு முன்பு வேண்டாத பொருளை ஒரு முறை வண்டியில் ஏற்றி, இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்குத் தள்ளிவிட்டால் போதும். அது புழக்கத்தில் இருப்பதாகக் கணக்கு. இப்படித் தள்ளுகிறவர்களை அவர் வருஷக்கணக்காக விரட்டிப் பிடித்தவர். சொந்த மகளும் மருமகனும் அதையே செய்வார்கள் என்று அவருக்குத் தோன்றவில்லை.

அடுத்த ஞாயிறு அவர்கள் இருவரும் கோயம்புத்தூர்க்காரருமாக மூன்று பேரும் ஆளுக்கு நான்கு பாத்திரங்களோடு வந்து உட்கார்ந்தார்கள். என் வண்டிக்காரனையும் சேர்த்துப் பதின்மூன்று பேர் ஓடைக்கரையில் நிற்க, எதிரே ஒரே ஒரு யானை. அந்த யானை ஓடையைக் கடக்க இரண்டரை மணி நேரம் ஆயிற்று.

"ஏம்மா, நாலு ஆளை வெச்சு என்ன பண்ணப் போறே?" என்று கேட்டேன்.

"ஆடலைன்னா அப்பா தூக்கிப் போட்டுருவாரு மாமா. எல்லாம் நான் கேட்டு அவரு எழுதுனது. எதை விடச் சொல்றீங்க?" என்றாள் மருமகள். "உங்களுக்கென்ன, உங்க வண்டிக்காரரு மொதல்ல எழுதுன ஆறு அட்டைல ஒண்ணு. சொத்து பத்திரமா இருக்கு."

நான்காவது ஞாயிறு சுவரில் ஒரு சிவப்புச் சீட்டும் மிஞ்சவில்லை. நாற்பத்தொன்றும் புழக்கத்தில் இருந்தன. பதின்மூன்று பேரைக் கட்டி மேய்க்க ஒரு மேஸ்திரியும், அவர்கள் சாமானைச் சுமக்க ஒரு கூலியாளும் தேவைப்பட்டதால் மொத்தம் நாற்பத்துமூன்று.

அன்று நாய்க்காரனின் நாய் விஷத் தண்ணீரைக் குடித்துவிட்டது. சம்பந்தி சுவரருகே போய் நின்றவர் திரும்பவேயில்லை. ஒரு அட்டையை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தார். அவருடைய சட்டையின் முதுகுப்புறம் வியர்த்திருந்தது. மருமகள் எழுந்துபோய் அவர் தோளைத் தொட்டாள். "விடுப்பா. நாய் செத்துப்போச்சுன்னு வெச்சுக்கலாம்."

"அப்படியெல்லாம் வெச்சுக்க முடியாதும்மா," என்றார். "இதுக்கு விதி இருக்குது. நான்தான் எழுதினேன். எங்கேன்னுதான் தெரியல."

கோயம்புத்தூர்க்காரருக்கு அதன் பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை வந்தது. மகனுக்குத் தலைவலி வந்தது, மருமகள் அவனோடு தங்கிவிட்டாள். தீபாவளிக்குப் பிறகு நாங்கள் இரண்டு பேர்தான். அவர் நடத்த, நான் வண்டி ஓட்ட, அந்தக் காட்டில் எங்களுக்கு ஒன்றும் நடக்கவில்லை.

ஜனவரியில் ஒரு யோசனை தோன்றியது. பைபாஸ் சாலைப் பக்கம் இந்த மாதிரி ஆட்டங்களுக்கென்றே ஒரு கடை திறந்திருந்தார்கள். நடத்துகிற பாரம் இல்லாமல் அவர் ஒரு பாத்திரமாக மட்டும் உட்காரட்டும் என்று அழைத்துப்போனேன். சலவைச் சட்டை போட்டுக்கொண்டு வந்தார். மேசையில் நான்கு இளைஞர்கள். நடத்துகிற பெண்ணுக்கு இருபத்தைந்து வயதிருக்கும், மரியாதை தெரிந்தவள். நான் வேடிக்கை பார்ப்பதாகச் சொல்லிவிட்டேன்.

"நீங்க யாரா ஆடறீங்க அங்கிள்?"

"காவல்காரன் இருக்குதுங்களாம்மா?"

"இருக்கு அங்கிள். காவல்ல பதினேழு இருக்கு. எது வேணும்னு பாத்துச் சொல்லுங்க," என்று டேப்லெட்டை அவர் முன்னால் வைத்தாள்.

சம்பந்தி கண்ணாடியை மாற்றிக்கொண்டு முதல் வகையிலிருந்து படிக்கத் தொடங்கினார். மேலோட்டமாகப் புரட்ட அவருக்குத் தெரியாது. ஒவ்வொன்றின் கீழும் உட்பிரிவுகள், ஆயுதங்கள், பிறந்த ஊர்கள். பத்து நிமிடம் காத்திருந்துவிட்டு, "நீங்க பாருங்க அங்கிள், நடுவுல சேத்துக்கறேன்," என்று அவள் ஆட்டத்தை ஆரம்பித்தாள். பக்கத்தில் பகடை உருண்டுகொண்டே இருந்தது. "இதுல ஏதாவது ஒண்ணு சொல்லிடுங்க சம்பந்தி," என்று அவர் முழங்கையைத் தொட்டேன். தலையை நிமிர்த்தாமல், "இருங்க, மத்ததைப் பாக்காம எப்படிங்க சொல்றது?" என்றார்.

ஏழு மணிக்கு மேசையைக் காலி செய்யச் சொன்னார்கள். அவர் ஒன்பதாவது காவல்காரனில் இருந்தார்.

"பாதி பாத்துட்டேம்மா. மிச்சத்தை அடுத்த வாரம் வந்து பாத்துக்கலாமுங்களா?"

"வாங்க அங்கிள். அடுத்த வாரம் புதுசா இன்னும் பன்னெண்டு சேருது," என்றாள் அவள், நல்ல செய்தி சொல்வதைப் போல.

அவர் தலையாட்டிவிட்டு, டேப்லெட்டைக் கைக்குட்டையால் ஒரு முறை துடைத்து அவளிடம் கொடுத்தார்.

வேடிக்கை பார்ப்பதற்கும் இருக்கைக் கட்டணம் உண்டாம்: இரண்டு பேருக்கு அறுநூறு. காப்பி இரண்டு, இருநூற்று நாற்பது. ஆட்டோ போக நூற்றறுபது, பனி இறங்கிவிட்டதென்று வர இருநூறு. ஆக, ஒரு பகடையும் உருட்டாமல் ஆயிரத்து இருநூறு ரூபாய்.