டயர் தேயணும் என்கிறார் வெர்லீன்

கத்தரியால் வெறுங்காற்றை இரண்டு தரம் வெட்டிவிட்டு, சலூன் நடத்தும் வெர்லீன் ஷிஃப்லெட் அம்மாள் நிமிர்ந்தார் என்றால், எதிராளிக்குச் சொல்ல அவருக்குப் பதில் கிடைத்துவிட்டது என்று பொருள். நாற்காலியில் இருப்பவர் அந்த நேரத்தில் தலையை ஆட்டாமல் இருப்பது நல்லது.

"இங்க பாரு. இன்ஜினை நீ எவ்வளவு வேணாலும் பெருசாக்கிக்கோ. டயர் தேயலைன்னா அது பந்தயமே இல்ல. தேயாத டயரைப் போட்டுக் குடுத்தா எங்க சர்ச் பாதிரியாரே ஜெயிச்சிருவாரு."

அமெரிக்காவின் வர்ஜீனியா மலையடிவாரத்தில், லாரல் கேப் ஊரிலும் சுற்று வட்டாரத்திலும் திங்கட்கிழமை சலூன்கள் மூடியிருக்கும். வெர்லீனுடையது மட்டும் திறந்திருக்கும். ஞாயிறு மதியம் கார் பந்தயம். திங்கள் காலை அதைப் பேசித் தீர்க்காவிட்டால் ஊருக்குச் சாப்பாடு செரிக்காது. வருகிறவர்களில் பலருக்கு வெட்டுவதற்கு முடியே இருக்காது. அந்தப் பக்கத்து வழக்கப்படி கோலா பாட்டிலுக்குள் உப்புக் கடலையைக் கொட்டிக்கொண்டு சுவரோர பெஞ்சில் உட்கார்ந்து, இந்தப் பந்தயத்தை எப்படித் திருத்தலாம் என்று ஆளுக்கொரு யோசனை சொல்வார்கள். ஆனால் நாற்காலி காலியாக இருக்கக் கூடாது என்பது வெர்லீனின் சட்டம். "கை சும்மா இருந்தா எனக்குப் பேச்சு வராது" என்பார். அதனால் முறை வைத்து உட்காருவார்கள். இரண்டே வாரத்தில் இரண்டு தரம் கிராப்பு வெட்டிக்கொண்டவர்கள் அந்த ஊரில் உண்டு.

வயது அறுபதைத் தாண்டிவிட்டது. நெட்டை, ஒல்லி. ஒரு கண்ணாடி மூக்கில், ஒன்று தலைமேல். தலைமேல் இருப்பதைத்தான் எப்போதும் தேடுவார். ஞாயிற்றுக்கிழமை டிவியின் சத்தத்தை அடைத்துவிட்டு ரேடியோ வர்ணனையைத் திறந்து வைப்பார். ரேடியோ சில நொடிகள் முந்தி வரும். திரையில் எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும்போதே, "ஐயோ, இடிக்கப் போறான்" என்று முகத்தைத் திருப்பிக்கொள்வார். இருபது வயதில், உள்ளூர் அரை மைல் தடத்தில் பெண்களுக்கென்று நடந்த பந்தயத்தில் அக்காள் கணவரின் காரை ஓட்டியிருக்கிறார். மற்றவர்கள் ஆரம்பத்திலேயே விரட்டி டயரைத் தேய்த்துவிட, இவர் பொறுமையாகப் போய்க் கடைசிச் சுற்றுகளில் ஆறு பேரைத் தாண்டி மூன்றாவதாக வந்தார். அதன்பிறகு ஓட்டவில்லை. ஆனால் உலகத்தில் எது கெட்டுப்போனாலும் அதற்குக் காரணம் தேயாத டயர்தான் என்ற முடிவுக்கு அன்றைக்கே வந்துவிட்டார்.

அவருக்கு எதிர்க்கட்சி கோய் ஏக்கர்ஸ். வீடுவீடாகப் போய்க் கொல்லைப்புறத் தொட்டிகளில் சமையல் வாயு நிரப்பும் லாரி ஓட்டுகிறவர். கட்டை குட்டையான ஆள், குரல் மட்டும் பெரிது. அவருக்கு எல்லா நோய்க்கும் மருந்து குதிரைத்திறன். "இன்ஜினோட கழுத்தை நெரிச்சு வச்சிருக்கானுங்க. எல்லாரும் ஒரே கடையில வாங்கின ஒரே வண்டி. முன்னால போறவன் காத்தைக் கிழிச்சிட்டுப் போறான், பின்னால வர்றவன் அந்தக் காத்துல தத்தளிக்கிறான். தாண்டுறதுக்கு இழுவை வேணாமா?" என்று கேட்பார். மருத்துவமனையில் நர்ஸாக இருக்கும் டாம்ரா இரண்டு பேரையும் கேலி செய்வாள். வளைந்து வளைந்து போகும் புதுத் தடங்களும், கடைசிப் பந்தயத்தில் சாம்பியனைத் தீர்மானிக்கும் புது முறையும் அவளுக்குப் பிடிக்கும். "மிஸ் வெர்லீன், நீங்க ரெண்டு பேரும் இன்னும் அந்தப் பழைய கார்பரேட்டர் காலத்துலயே உக்காந்திருக்கீங்க" என்பாள். அப்போது மட்டும் வெர்லீனும் கோயும் ஒரே கட்சியாகிவிடுவார்கள்.

இந்த வசந்தத்தில்தான் அது நடந்தது. கோயின் ஆள், ஐம்பத்தெட்டாம் எண் வண்டிக்காரன், அநேகமாகப் பந்தயம் முழுக்க முன்னால் ஓடினான். முடிகிற நேரத்தில் பின்னால் யாரோ சுவரில் மோத, வேகத்தைக் குறைக்கச் சொல்லும் மஞ்சள் கொடி விழுந்தது. இப்போதைய விதிப்படி, எல்லா வண்டியையும் ஒன்றாக நெருக்கி நிறுத்தி, கூடுதல் சுற்றுகள் விட்டார்கள். முதல் வளைவிலேயே எவனோ இடித்து ஐம்பத்தெட்டு புல்லில் போய் நின்றது.

மறுநாள் கோய் நாற்காலியில் உட்கார்ந்து, மெதுவாகத்தான் சொன்னார். "இது பந்தயம் இல்ல வெர்லீன், குலுக்கல் சீட்டு. எங்கப்பா காலத்துலேர்ந்து பந்தயத் தடத்துல, நாலாம் வளைவுல எங்களுக்கு வருஷா வருஷம் இருந்த ரெண்டு இருக்கையையும் வேணாம்னு எழுதிக் குடுத்திட்டேன். இனிமே பாக்கப் போறதில்ல."

வெர்லீனின் இருக்கை அந்த இரண்டுக்கும் முன்வரிசை. அவர் அன்றைக்கு வாயை மூடியிருக்கலாம். கத்தரி காற்றில் இரண்டு தரம் வெட்டியது.

"நல்லதாப் போச்சு. உன் ஆளுக்கு டயரைக் காப்பாத்தத் தெரியல, உனக்குத் தோக்கத் தெரியல. என் காதுக்குப் பின்னால கத்துறதுக்கு ஆள் இருக்காது."

பெஞ்சில் சிரித்தார்கள். கோய் சிரிக்கவில்லை. கழுத்துத் துணியைத் தானே அவிழ்த்து, உதறி, மடித்து நாற்காலியின் கையில் போட்டார். இடது பக்கம் ஒட்ட வெட்டி, வலது பக்கம் கிருதாவோடு அப்படியே வெளியே போனார்.

"ஏய் கோய், பாதிதான் ஆயிருக்கு!"

லாரி கிளம்பும் சத்தம்தான் பதிலாக வந்தது. இரண்டு நாள் அந்தப் பாதித் தலையோடு ஊரெல்லாம் வாயு நிரப்பினார். பிறகு பக்கத்து ஊர் சலூனில் மீதியை வெட்டிக்கொண்டார் என்று டாம்ரா வந்து சொன்னபோது வெர்லீன், "ஓ" என்றார்.

அதற்குப் பிறகு திங்கட்கிழமைகள் சப்பென்று ஆயின. வெர்லீன் டயரைப் பற்றிச் சொன்னால் பெஞ்சு முழுக்க, "ஆமா, சரிதான்" என்றது. அவருக்கு அந்த 'சரிதான்' ருசிக்கவில்லை. ஒருநாள், யாராவது மறுக்கட்டும் என்று வேண்டுமென்றே, "பந்தயத்தை மழையில கூட விடணும்" என்று சொல்லிப் பார்த்தார். அதற்கும் ஆமாம் என்றார்கள். கடையின் பின்பக்கத்து வாயுத் தொட்டியை நிரப்பக் கோய் வந்தார், நிரப்பினார், ரசீதைக் கதவில் செருகிவிட்டுப் போனார். வெர்லீன் பின் ஜன்னலருகே சவரக்கத்தியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தார். நாற்காலியில் முகத்தில் பாதி நுரையோடு உட்கார்ந்திருந்தவர், "மிஸ் வெர்லீன், நுரை காயுது" என்றார்.

கோடையில் பந்தய நிர்வாகத்திலிருந்து ஒரு இளைஞன் வந்தான். பெயர் பிரெஸ்காட். பந்தயத்தை எப்படி மேம்படுத்தலாம் என்று ரசிகர்களிடம் கேட்கப் போகிறார்களாம். தீயணைப்பு நிலையக் கூடத்தில், மாலையில், மடக்கு நாற்காலி போட்டுக் கூட்டம். ஊரே வந்திருந்தது. பொரித்த கோழியும் இனிப்புத் தேநீரும் வைத்திருந்தார்கள்.

"ஆளுக்கு ஒரே ஒரு மாற்றம் சொல்லுங்க" என்று பிரெஸ்காட் ஒலிவாங்கியைச் சுற்ற விட்டான். பந்தயத்தை நடுவில் வேண்டுமென்றே நிறுத்தும் இடைவேளையை எடுங்கள் என்றார் ஒருவர். எந்த வாரம் எந்தச் சேனலில் வருகிறது என்று தேடியே கண் போகிறது என்றார் இன்னொருவர். டாம்ரா புதுத் தடங்களுக்காகப் பேசி நாலு பேரின் முணுமுணுப்பை வாங்கிக்கொண்டாள்.

ஒலிவாங்கி வெர்லீனிடம் வந்தது. "டயர், டயர்" என்று பின்னாலிருந்து யாரோ சொல்ல, கூடம் சிரித்தது. வெர்லீன் எழுந்து நின்று கூடத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். மனசுக்குள் பல வருஷமாக ஓட்டிப் பார்த்த பேச்சு நாக்கு நுனியில்தான் இருந்தது. ஆனால் தான் சொல்லி முடித்ததும் எழுந்து நின்று மறுப்பதற்கு ஆள் இல்லாத கூடத்தில் அதைச் சொல்ல அவருக்கு மனம் வரவில்லை.

"குதிரைத்திறன்" என்றார். சிரிப்பு நின்றது. "இன்ஜினோட கழுத்தை விடுங்க தம்பி. முந்நூறு குதிரை கூடக் குடுங்க. பின்னால வர்றவனுக்கு இழுவை இருந்தாத்தான் தாண்டுவான். வளைவுல ஆக்சிலரேட்டர்லேர்ந்து காலை எடுத்தாத்தான் ஓட்டத் தெரிஞ்சவன் யாருன்னு தெரியும். இதை நான் சொல்லல. எங்க ஊர்ல கோய் ஏக்கர்ஸ்னு ஒருத்தர் சொல்வாரு. அவர் பந்தயம் பாக்கிறதை விட்டுட்டாரு. அவரை மாதிரி ஆளை விரட்டிட்டு நீங்க யாருக்குப் பந்தயம் நடத்தப் போறீங்க?"

கொஞ்சம் நிறுத்தி, "விரட்டினதுல எனக்கும் பங்கு உண்டு" என்றார்.

"தப்பு!"

வாசலில், தீயணைப்பு வண்டியின் பக்கமாக, தொப்பியோடு கோய் நின்றிருந்தார்.

"முந்நூறுன்னு நான் என்னைக்குச் சொன்னேன்? இருநூறுதான் சொன்னேன். முந்நூறு போட்டா நேர்கோட்டுல பறந்திடும், அப்புறம் காத்து இன்னும் மோசமாகும். இத்தனை வருஷம் என் பேச்சைக் கேட்டு நீ கத்துக்கிட்டது இதுதானா?"

"நீ எனக்குப் பின்னால உக்காந்து கத்துறப்போ முந்நூறுன்னுதான் கேட்டுச்சு."

"டயர் டயர்னு காதை அடைச்சு வச்சிருந்தா அப்படித்தான் கேக்கும்."

"அவர் இங்க வந்து பேசட்டுமே" என்றான் பிரெஸ்காட், பாவம், ஒன்றும் புரியாமல்.

வெர்லீன் ஒலிவாங்கியை எடுத்துக்கொண்டு நாற்காலிகளுக்கு நடுவே வாசல்வரை நடந்தார். கிட்டே போனதும் அவர் கண் முதலில் கோயின் வலது கிருதாவுக்குப் போனது; பக்கத்து ஊர் சலூன் வேலை, இடதைவிட ஒரு விரற்கடை நீளம். உதட்டைக் கடித்துக்கொண்டார். கோய் கையை நீட்டினார். வெர்லீன் ஒலிவாங்கியை அந்தக் கையில் கொடுக்காமல் அவர் வாய்க்கு நேராகப் பிடித்தார். கோய் தொண்டையைச் செருமிக்கொண்டு, "முதல்ல, இந்த டயர் விஷயம்..." என்று ஆரம்பித்தார்.

வெர்லீனின் கட்டைவிரல் ஒலிவாங்கியை அணைக்கும் பொத்தான்மேல் தயாராக இருந்தது.