இடது காலுக்குப் புள்ளி குறைவு

பரதநாட்டியத்துக்குப் புள்ளி போடுற மெசினைப் பாக்கிற வேலையில, மெசின் எல்லாத்தையும் தானே செய்யும், ஏச்சு வாங்குறதுக்கு மட்டும் ஒரு ஆள் வேணும். அந்த ஆள் நான். 'நான் என்ன செய்யிறது, சிஸ்ரம் அப்பிடித்தான் சொல்லுது' எண்டு ஒருக்காலெண்டாலும் சொல்லிப் பேச்சு வாங்கின ஆக்கள் எல்லாரும் எனக்குச் சொந்தக்காரர்தான். உங்களுக்குத்தான் இது விளங்கும்.

கனடாவில இருக்கிற எங்கட ஊர்ச் சங்கம் ஒரு கமரா அனுப்பினது. ஆடுற பிள்ளையின்ர முழங்கால், முழங்கை, கணுக்கால் எல்லாத்தையும் அது தனித்தனியாப் பிடிக்கும். சங்கத் தலைவரின்ர மகள் அபி அங்க ஆடிப் பதிஞ்ச ஆட்டத்தோட ஒப்பிட்டு, நூறுக்கு எத்தினை எண்டு சொல்லும். ஊர்காவற்றுறையில பன்னிரண்டு வருசமா நடனம் படிப்பிக்கிற வாசுகி ரீச்சரின்ர வகுப்புக்குத்தான் அது வந்தது. கூடவே தலைவரின்ர கட்டளையும் வந்தது. திருவிழாவுக்குத் தான் வரேக்க அரைவாசிப் பிள்ளையளெண்டாலும் எழுபது எடுக்கவேணும், இல்லாட்டி ரீச்சரை நிப்பாட்டிப்போட்டு அபியே அங்கயிருந்து திரையில படிப்பிப்பாவாம். ரீச்சர் அதைக் கேட்டு முகம் வெளிறிப்போனா. "இந்த வகுப்பும் இல்லாட்டி எனக்கு விசர்தான் பிடிக்கும், தம்பி" எண்டா.

நாலு கை

கமரா பூட்டின அண்டு, மேடைக்கெண்டு செய்த ஆளுயர நடராசர் சிலை எதிர்ச் சுவரோட நிண்டது. பிள்ளையள் வரமுன்னமே மெசின் அவருக்குப் புள்ளி போடத் தொடங்கிட்டுது. ரெண்டு பேர் நிக்கினமாம், அதில ஒராளுக்குக் கால் இல்லையாம், ரெண்டு பேரும் தாளத்துக்கு அசையேல்லையாம். நாப்பத்தொண்டு.

மண்டபம் கூட்டுற செல்வமக்கா தும்புத்தடியைப் பிடிச்சபடி திரையைப் பாத்தா. பேந்து சிலையைப் பாத்தா. பேந்து என்னைப் பாத்தா. "ஆண்டவனுக்கே நாப்பத்தொண்டெண்டா, எங்கட பிள்ளையளுக்கு என்னத்தைப் போடப்போறீர்?"

முழங்கால் எங்கை?

கரம்பொன்னில இருந்து வாற ஒரு பிள்ளைக்கு, தாய் பாத்துப் பாத்து ஒரு நடனச் சீலை தைச்சிருந்தா. மடிப்பெல்லாம் விசிறியாட்டம் விரியும். பிள்ளை அரைமண்டியில இருக்க, மெசின் சிவப்பு விளக்கைப் போட்டுட்டுது. முழங்கால் தெரியேல்லையாம், அதால புள்ளி போட ஏலாதாம். தாயிட்டை நான் மெதுவாச் சொன்னன், அடுத்த முறை ஒட்டின காற்சட்டையோட அனுப்புங்கோ எண்டு. மனுசி என்னை மேலயும் கீழயும் பாத்தா. "தம்பி, முழங்கால் தெரியக்கூடாது எண்டுதானே நான் இவ்வளவு துணி வாங்கித் தைச்சனான்?"

ரீச்சருக்கே பரீட்சை

காற்சட்டையோட வந்தும் ஒருத்தரும் அறுபதைத் தாண்டேல்லை. எல்லாருக்கும் ஒரே குறை, இடது கால். ரீச்சருக்குப் பத்திக்கொண்டு வந்திட்டுது. சீலையை இழுத்துச் செருகிப்போட்டு, தானே கமராவுக்கு முன்னால ஏறிட்டா. ஐயோ, என்ன ஆட்டம் அது! நிலம் அதிருது. செல்வமக்கா கூட்டுறதை விட்டுட்டு வாயைப் பிளந்துகொண்டு நிண்டா.

அம்பத்தெட்டு. குறை, இடது கால்.

எனக்கு அந்த மெசினைத் தூக்கிக் கடலுக்க போடவேணும் போல இருந்தது. ரீச்சர் மூச்சு வாங்க வந்து கதிரையில இருந்து, தன்ர காலையே பாத்துக்கொண்டிருந்தா. "அப்ப பன்னிரண்டு வருசமா நான் ஒரு காலாலதான் படிப்பிச்சிருக்கிறன் போல, என்ன தம்பி?"

புதுப் பாணி

அடுத்த நாள் ரீச்சர் அபியின்ர ஆட்டத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னா. திரையில அபி தெரியமாட்டா. மூட்டுக்களைச் சேத்து வரைஞ்ச ஒரு குச்சி உருவம்தான் ஆடும். முப்பது தரமாவது பாத்திருப்பம். கடைசியா ரீச்சர்தான் பிடிச்சா. வலது கால் தட்டுது, இடது கால் தட்டேல்லை, சும்மா நிலத்தைத் தொட்டிட்டு எழும்புது, உடம்பும் வலப்பக்கம் சரியுது. "என்ன இது?" எண்டு கேட்டா. வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். நான் பெரிய விண்ணன் மாதிரி, "வெளிநாட்டில இப்ப இதுதான் புதுப் பாணியாக்கும்" எண்டிட்டன். வெளிநாடு எண்டால் நாங்கள் கேள்வி கேக்கிறேல்லைத்தானே.

ரீச்சர் பல்லைக் கடிச்சுக்கொண்டு அதைப் படிப்பிச்சா. ரெண்டு மாதத்தில புள்ளி ஏறிட்டுது. எழுபத்திரண்டு, எழுபத்தாறு, ஒருத்திக்கு எண்பத்தொண்டு. ஆனா பிள்ளையள் தெளிவு. ஒவ்வொரு நாளும் ஆடத் தொடங்கமுன்னம் துசி எண்ட வாயாடி கையை உயத்திக் கேப்பாள். "ரீச்சர், இண்டைக்குச் சாமிக்கு ஆடுற தட்டோ, மெசினுக்கு ஆடுற தட்டோ?"

திருவிழாவுக்கு வந்தவை

தலைவர் வந்தார், அபியும் வந்தா. தலைவர் முன் கதிரையில இருந்து, புள்ளிப் பட்டியலைப் பாத்துப் பாத்துத் தலையாட்டினார். பிள்ளையள் மெசினுக்கு ஆடுற தட்டைப் பிசகில்லாமல் ஆடிச்சினம்.

ஆட்டம் முடிய அபி மெல்லக் கேட்டா, "ஏன் ரீச்சர் எல்லாரும் நொண்டுகினம்?"

"நீர் ஆடினதைத்தான், பிள்ளை, இவையும் ஆடுகினம்."

அபி தகப்பனைத் திரும்பிப் பாத்தா. "அதைப் பதிஞ்ச அண்டைக்கு எனக்கு இடது கால் சுளுக்கெண்டு சொன்னனான்தானே அப்பா? ஆக்களுக்குச் சொல்லியாச்சு, ஆடித்தான் ஆகவேணும் எண்டு நீங்கள்தானே ஏத்தினீங்கள்?"

எனக்கு நிலம் பிளந்தால் உள்ளுக்க போயிடலாம் போல வெக்கமாக் கிடந்தது. தலைவர் மண்டபத்துக் கூரையைப் பாத்தார், பட்டியலைப் பாத்தார், தொண்டையைச் செருமினார். "எண்டாலும் எழுபது எழுபதுதான். ரீச்சர், நீங்களே தொடந்து படிப்பியுங்கோ. மெசின் பிழை விடேல்லைத்தானே?"

ரீச்சர் கண்ணைத் துடைச்சுக்கொண்டு சிரிச்சா. "ஓம் அண்ணை, சுளுக்கைக்கூட அச்சொட்டாப் பிடிச்சிருக்கு."

வகுப்பும் தப்பிச்சுது, ரீச்சரும் தப்பிச்சா, இனி இருவது பிள்ளையளின்ர நொண்டலை எப்ப மாத்திறது எண்டு மட்டும் என்னைக் கேக்காதேங்கோ, நான் புள்ளி போடுற ஆள்.