நான்காம் சரணத்துக்கு ஒரு தேர்வு

எங்கள் பாட்டுக்குழுவில் குரலுக்கு மூன்றாம் இடந்தான். முதலிடம் பதவிக்கு, இரண்டாமிடம் பணிமூப்புக்கு. இந்த விதியை யாரும் எழுதி வைக்கவில்லை. எழுதி வைக்காத விதிகளைத்தான் அரசு ஊழியர்கள் பிழையின்றிக் கடைப்பிடிப்பார்கள்.

கள்ளக்குறிச்சி அந்நாளில் மாவட்டத் தலைநகர் அன்று, தாலுகாத் தலைமையிடம். மாலை அலுவலகம் மூடியபின் என்ன செய்வதென்று தெரியாமல் நின்றவர்களில் ஆறு பேர் கூடி அமைத்த குழு அது. ஓய்வுபெற்ற துணை வட்டாட்சியர் தலைவர். அவருக்கடுத்து ஒரு வங்கி மேலாளர், ஓர் உயர்நிலைப் பள்ளித் தலைமை ஆசிரியர், பேரூராட்சிக் கணக்கர், தமிழாசிரியனாகிய நான். ஆறாமவர் கால்நடை மருத்துவமனை உதவியாளர். அவர் சுருதிப்பெட்டியை அழுத்துவார். பாட்டெழுதுவதும் கூட்டக் குறிப்பேடு எழுதுவதும் என் பொறுப்பு.

நான் எழுதிய பாடல்கள் எல்லாவற்றுக்கும் ஒரு பல்லவியும் நான்கு சரணங்களும் இருக்கும். கற்பனை அந்த அளவில் நின்றுவிடுவதால் அன்று. தனித்துப் பாடும் உரிமை ஐவருக்கு இருந்ததால். பல்லவி தலைவருக்கு. முதற் சரணம் மேலாளருக்கு, இரண்டாவது தலைமை ஆசிரியருக்கு, மூன்றாவது கணக்கருக்கு, நான்காவது எனக்கு. உதவியாளர் ஆறு ஆண்டுகளாக மற்றவர் சரணங்களுக்குச் சுருதி கொடுத்துக்கொண்டிருந்தார். இடையில் ஓரிரு முறை தமக்கும் ஓர் அடி கிடைக்குமா என்று கேட்டார். "முறை வரட்டும்பா" என்பது விடை.

முறை வந்தது. வங்கி மேலாளருக்கு மாற்றல் உத்தரவு வந்து அவர் தஞ்சாவூருக்குப் போனார். நாங்கள் ஒவ்வொருவரும் ஒரு சரணம் மேலேறினோம். எனக்கு மூன்றாவது கிடைத்தது. வீட்டில் சொல்லிப் பாயசம் வைக்கச் செய்தேன். நான்காவது காலியாயிற்று. அதே மாதத்தில் மின்வாரியத்து இளநிலைப் பொறியாளர் ஒருவர் குழுவில் சேர்ந்தார். இருவரில் யாருக்கு நான்காம் சரணம் என்பது அதுவரை எங்கள் குழு கண்டிராத சிக்கல்.

அது அவசரச் சிக்கலும் ஆயிற்று. கடலூரில் ஓர் இசைவிழா மேடைக்குப் பாட்டுக்குழுக்களைக் கேட்டுத் தேர்ந்தெடுப்பதாக அறிவித்து, எங்களை ஒரு திங்கட்கிழமை காலையில் வரச்சொல்லியிருந்தார்கள். அதற்கு முந்தைய சனியும் ஞாயிறும் வெள்ளிமலையில் தங்கிப் பயிற்சி செய்வது, அங்கேயே நான்காம் சரணத்தையும் முடிவு செய்வது என்று தலைவர் அறிவித்தார். உதவியாளர் அன்றே முடி வெட்டிக்கொண்டு, புது வேட்டி ஒன்று வாங்கினார்.

இட ஒதுக்கீடு கேட்டு மக்கள் சாலையில் இறங்கிய காலம் அது. எங்கே எப்போது சாலை அடைபடும் என்று சொல்ல இயலாது. எங்கள் குழுவில் அரசியல் பேசுவோர் ஒரு பாட்டுக்கு வாய் திறக்கக் கூடாது என்று தண்டனை உண்டு. தலைவர் பேசுவது பொது அறிவில் சேரும். யார் என்ன சாதி என்று எங்கள் குழுவில் ஒருவரும் ஒருவரைக் கேட்டதில்லை. எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

சனிக்கிழமை விடியலில் பேருந்து நிலையத்துக்குப் போனபோது உதவியாளர் எங்களுக்கு முன்பே வந்து, வண்டி புறப்படுமிடத்திலேயே ஏறி, ஐந்து இருக்கைகளில் ஐந்து துண்டுகளைப் போட்டு வைத்திருந்தார். துண்டுகள் முந்தைய நாளே எங்கள் வீடுகளிலிருந்து பெறப்பட்டவை. கூட்டம் ஏறிற்று. ஒரு பெண் கைக்குழந்தையோடு தலைவரின் துண்டருகே நின்று பார்த்தாள்.

"இதுக்கு ஆள் வராங்கம்மா" என்றார் உதவியாளர்.

நாங்கள் வந்து அமர்ந்தோம். ஆறாவது துண்டு இல்லாததால் அவர் சுருதிப்பெட்டியை மார்போடு அணைத்தபடி நின்றுகொண்டே வந்தார். கச்சிராயபாளையம் தாண்டி மலையேறத் தொடங்கியதும் தலைவருக்குப் பொது அறிவு ஊறியது.

"தகுதி இருக்கறவன் மேல வரட்டும், வேணாங்கல. இன்னாத்துக்கு இடத்தப் புடிச்சி வெச்சிக் குடுக்கணும்? நாங்கள்லாம் அப்பிடியா வந்தோம்?" என்றார், தம் துண்டை எடுத்துக் கழுத்தைத் துடைத்தவாறே.

"சரியாச் சொன்னீங்க" என்றார் பொறியாளர். வளைவொன்றில் வண்டி திரும்ப, நின்றுகொண்டிருந்த உதவியாளர் அவர் மடியில் விழப்போய், "மன்னிச்சுக்குங்க சார்" என்று நிமிர்ந்தார்.

வெள்ளிமலையில் எங்களுக்கு வாய்த்தது நீண்ட தாழ்வாரமுள்ள ஓர் ஓய்வு விடுதி. கீழே சாமைக் கொல்லைகள் சரிவாக இறங்கின. அன்று பகல் முழுவதும் பயிற்சி. தலைவர் பல்லவியை எட்டு வகையாகப் பாடினார். எட்டும் ஒரே வகை. நான் மூன்றாம் சரணத்தில் ஒவ்வொரு மெய்யெழுத்தையும் அதற்குரிய மதிப்போடு ஒலித்தேன். எழுத்துகள் அனைத்தும் தெளிவாகக் கேட்டதாகவும், பாட்டு மட்டும் கேட்கவில்லை என்றும் கணக்கர் கூறினார். பொறாமை என்று கொண்டேன்.

மாலையில் தலைவர் விசயத்துக்கு வந்தார். "நாளைக்கி யாரும் ஒரு கொறை சொல்லக் கூடாது. முகத்தப் பாத்து எடுக்கற வேலையே வாணாம். தகுதி ஒண்ணுதான். தெரை கட்டுங்க."

தாழ்வாரத்துத் தூண்கள் இரண்டுக்கும் இடையே கயிறு கட்டி ஜமக்காளத்தைத் தொங்கவிட்டோம். பொறியாளரும் உதவியாளரும் அதற்குப் பின்னே போய், யார் முதலில் என்பதைத் தமக்குள் முடிவு செய்துகொண்டார்கள். நாங்கள் நால்வரும் இப்புறம் அமர்ந்தோம். முதற்குரல், இரண்டாம் குரல் இவற்றுள் எது என்று சீட்டில் எழுத வேண்டும். பெயர் இல்லை, பதவி இல்லை.

முதற்குரல் எழுந்தது. சரணத்தின் முதலடியை அது எடுத்த விதத்திலேயே எனக்கு ஆளைத் தெரிந்துவிட்டது. அதற்கு முந்தைய ஆண்டு என் பசு கன்று ஈன முடியாமல் தவித்தபோது மருத்துவமனைக்கு நடத்திச் சென்றிருந்தேன். மருத்துவர் ஊசியோடு வரும்வரை உதவியாளர் அதன் கழுத்தைக் கட்டிக்கொண்டு, எங்கள் பாட்டொன்றைத் தாழ்ந்த குரலில் பாடினார். முட்டித் திமிறிக்கொண்டிருந்த பசு செவிகளைத் தளர்த்தி நின்றது. எங்கள் பாட்டைக் கேட்டு ஓர் உயிர் அமைதியடைந்ததை நான் கண்டது அன்றைக்குத்தான். மற்ற மூவரும் அவர் தனியே பாடக் கேட்டதே இல்லை. பெட்டியின் ஒலியைத்தான் அவர் குரல் என்று எண்ணியிருந்தார்கள்.

இரண்டாம் குரல், தந்திக் கம்பியில் அணில் ஓடுவதுபோல் மேலும் கீழும் தாவி ஒருவாறு முடித்தது.

சீட்டுகளை நான் பிரித்தேன். நான்கிலும் முதற்குரல். என்னுடையதும் அதில் ஒன்று என்பதை இப்போது சொல்லிக்கொள்வதில் எனக்குச் சிறு பெருமை உண்டு. அதன் பிறகு சொல்லிக்கொள்ள ஒன்றும் இல்லை.

தலைவர் எழுந்தார். திரையை விலக்கும் வரை பொறுக்க அவரால் இயலவில்லை. "பாத்தீங்களா? படிச்சவன் கொரல் படிச்சவன் கொரல்தான். ஜமக்காளத்துக்குப் பின்னால ஒளிச்சி வெச்சாலும் தகுதி தெரியும்! வாங்க இஞ்சினியர் சார்!"

ஜமக்காளத்தை நான் விலக்கினேன். முன்னால் நின்றவர் உதவியாளர். பொறியாளர் பின்னால் நின்று தம் கைக்கடிகாரத்துக்குச் சாவி கொடுத்துக்கொண்டிருந்தார்.

எல்லோரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். மலைக்காற்று ஒரு பக்கமாக அடித்ததென்று தலைவர் கண்டறிந்தார். தேர்வுக்கு முன் பாடப்பகுதியை அறிவிக்கவில்லை. எனவே இது தேர்வே ஆகாது என்று தலைமை ஆசிரியர் விளக்கினார். ஜமக்காளம் கனமான நூலால் ஆனது. மென்மையான குரல் அதில் தங்கிவிடும் என்றார் கணக்கர். மறுதேர்வு வைத்தால் தமக்கு மறுப்பில்லை என்று பொறியாளர் பெருந்தன்மை காட்டினார்.

உதவியாளர் மட்டும், "அப்போ எனக்கு உண்டா, இல்லியா சார்?" என்று கேட்டார்.

"குறிப்பேட்டுல எழுதிக்குவாரு புலவரு" என்றார் தலைவர்.

எழுதினேன். 'நான்காம் சரணம் குறித்துத் தேர்வு நடைபெற்றது. உறுப்பினர் அனைவரும் தத்தம் கருத்தைத் தெரிவித்தனர். முடிவு உரிய சூழலில் எடுக்கப்படும்.' மூன்று வாக்கியங்கள். ஓர் ஒற்றுப்பிழை இல்லை. பொய் என்று எவரும் ஒரு சொல்லைச் சுட்ட முடியாது. தமிழ்நடை கைவந்தவன் எவ்வளவு செய்ய முடியும் என்பதற்கு அந்தப் பக்கம் இன்றும் சான்று.

மறுநாள் முற்பகல் மலையிறங்கினோம். இம்முறையும் ஐந்து துண்டுகள். அடிவாரத்தை அடைந்ததும் பேருந்து நின்றது. சாலையின் குறுக்கே ஒரு புளியமரம், இலையும் காயுமாக, வெட்டிச் சாய்க்கப்பட்டுக் கிடந்தது. மரத்தின்மேலும் சுற்றிலும் நூறு பேர் இருக்கலாம். தூக்குவாளியில் கூழ் கைமாறிக்கொண்டிருந்தது. ஓட்டுநர் இறங்கிப் பேசிப் பார்த்துவிட்டு வந்து, பொழுது சாய்ந்தாலும் வழி கிடைக்காது என்றார்.

தோளில் பச்சைத் துண்டு போட்டிருந்த ஒருவர் எங்களிடம் வந்தார். "இன்னா சார், எங்கருந்து வரீங்க? பொட்டியில இன்னா?"

தலைவரின் முகத்தில் அதுவரை நான் காணாத பணிவு குடியேறியது. "பாட்டுங்க. சும்மா சாமி பாட்டு."

"அட, கச்சேரிக்காரங்களா! காலைலேர்ந்து கோஷம் போட்டுப் போட்டு எங்களுக்கே அலுத்துப் போச்சி. ஒண்ணு பாடுங்களேன், குந்திக்கினு கேக்கறோம்."

தலைவருக்கு உடனே தொண்டை கட்டிற்று. தலைமை ஆசிரியருக்கு மலைக்குளிர் நெஞ்சில் இறங்கியிருந்தது. கணக்கர் தம்மை வெறும் பார்வையாளர் என்றார். பொறியாளர் பேருந்தின் பின்புறத்தில் எதையோ ஆராய்ந்துகொண்டிருந்தார். அப்போது தலைவர் உதவியாளரைச் சுட்டி, "அவரு பாடுவாரு" என்றார். ஆறு ஆண்டுகளில் உதவியாளர் 'அவரு' ஆனது அந்தப் புளியமரத்தின் முன்புதான்.

"நானா சார்? எந்த அடி?"

"எல்லாத்தியும் பாடுப்பா. பல்லவியும் நீயே எடு."

உதவியாளர் என்னைப் பார்த்தார். "ஐயா, பொட்டியக் கொஞ்சம் அமுக்கறீங்களா?"

அமுக்கினேன். அது எளிதன்று என்பதை அப்போதுதான் அறிந்தேன். காற்று ஒரே சீராக வர மறுத்தது. அவர் அதைப் பொருட்படுத்தாமல் பல்லவியை எடுத்து, நான்கு சரணங்களையும் ஒன்றன்பின் ஒன்றாகப் பாடினார். எங்கள் ஐவரின் இடங்களும் அவருக்கு மனப்பாடமாக இருந்தன. என் சரணத்தை அவர் பாடியபோது அதில் ஒரு பாட்டு இருந்ததை நானே முதன்முறையாகக் கேட்டேன்.

மரத்தின்மேல் இருந்தவர்களில் யாரும் கண்ணீர் விடவில்லை. கூழ் குடிப்பதை மட்டும் நிறுத்தியிருந்தார்கள். ஒருவன் கத்தினான்: "அண்ணே, அந்தக் கட்சி அடிய இன்னொரு வாட்டி வுடுண்ணே!" கட்சி அடி என்றால் கடைசி அடி என்பதைப் பக்கத்திலிருந்தவர் எனக்கு விளக்க வேண்டிய தேவை எழவில்லை, உதவியாளர் அதற்குள் நான்காம் சரணத்தை மறுபடி எடுத்திருந்தார்.

தலைவருக்குத் தெம்பு வந்தது. "பாட்டுதான் கேட்டுட்டீங்களே. வண்டிய வுட்டுருங்களேன்?"

"பாட்டுக்கு மரம் நவுருமா சார்? நடந்து போங்க, யாரும் தடுக்க மாட்டாங்க" என்றார் பச்சைத் துண்டுக்காரர். பிறகு புன்னகையோடு, "எங்களுக்கு எடம் கெடைக்கறதுக்கு நாங்க குந்திக்கினு இருக்கோம். நீங்க எதுக்கு சார் நிக்கறீங்க?" என்றார்.

நடப்பதென்று முடிவாயிற்று. மூட்டைகளை எடுத்தோம். உதவியாளர் பெட்டியை உறையிலிட்டு மூடிக்கொண்டே தலைவரிடம் கேட்டார்: "நாளைக்கிக் கடலூருல நாலாவது எனக்குத்தானே சார்?"

தலைவர் மரத்தைத் தாண்டி அந்தப் பக்கம் போயிருந்தார். அங்கே பழைய முகம் அவருக்காகக் காத்திருந்ததுபோலும். "அதெல்லாம் ஊருக்குப் போயி குழுவுல பேசிக்கலாம்பா. பொட்டியத் தூக்கு, நேரமாவுது."

உதவியாளர் பெட்டியைத் தூக்கினார். தூக்கிக்கொண்டு வந்து என் கையில் வைத்தார். "அப்போ இதையும் ஊருக்குப் போயி குழுவுல பேசிக்குங்க சார்" என்று தலைவருக்குக் கேட்கும்படி சொன்னார். திரும்பிப்போய் மரத்தின்மேல் அமர்ந்தார். அருகிலிருந்தவன் நகர்ந்து இடம் கொடுத்தான். அதில் துண்டு ஏதும் போடப்பட்டிருக்கவில்லை.

கச்சிராயபாளையம் வரை பெட்டியைச் சுமந்தவன் நான்.

திங்கட்கிழமை கடலூருக்கு ஒரு வண்டியும் ஓடவில்லை. அங்கும் நாளைத் தள்ளிவைத்தார்கள். சாலை திறந்தபின் குழு கூடியது. பதவியின்படி பொறியாளர் தமிழாசிரியனுக்கு மேற்பட்டவர் என்பது அப்போது கண்டறியப்பட்டது. மூன்றாம் சரணம் அவருக்குப் போயிற்று. எனக்கு நான்காவது திரும்பி வந்தது. அடுத்து, பெட்டியை அழுத்துவது யார் என்ற வினா எழுந்தது. வரிசையில் கடைசியாக நிற்பவர் அழுத்துவதே மரபு என்றார் தலைவர். நால்வரும் என்னைப் பார்த்தார்கள். பெட்டியை அழுத்துபவன் பாடினால் காற்று சீர்கெடும் என்பதால் நான்காம் சரணம் தற்காலிகமாக நீக்கப்பட்டது. கடலூரில் எங்களைப் பல்லவி முடியும்வரை பொறுமையாகக் கேட்டார்கள்.

சில நாள் கழித்து, பசுவுக்குக் காய்ச்சல் என்ற சாக்கில் மருத்துவமனைக்குப் போனேன். காய்ச்சல் இல்லை என்பதை உதவியாளர் அதன் காதைத் தொட்டதுமே அறிந்துகொண்டார், சொல்லவில்லை. குழுவுக்குத் திரும்பி வரும்படியும், நான்காவதை அவருக்கே வாங்கித் தருவதாகவும் சொன்னேன்.

"அத நான் பாடிட்டேனே ஐயா" என்றார். "ரெண்டு வாட்டி பாடிட்டேன். நீங்க கூடப் பொட்டி அமுக்கனீங்களே." சற்றுப் பொறுத்து, "நல்லா அமுக்கல. கைய இறுக்காதீங்க. மாட்டுக் கவுத்தப் புடிக்கற மாதிரி லேசாப் புடிங்க" என்றார்.

அன்று மாலை குறிப்பேட்டைத் திறந்து என் மூன்று வாக்கியங்களுக்குக் கீழே நான்காவதாக ஒன்று எழுதினேன்: 'முதற்குரல் கால்நடை மருத்துவமனை உதவியாளருடையது, அதற்கு நான்கு வாக்குகள், இரண்டாம் குரலுக்கு ஒன்றுமில்லை.' அடுத்த கூட்டத்தில் தலைவர் அதைப் படித்தார். இதை வழிமொழிவோர் உண்டா என்று கேட்டார். இல்லை. ஆகவே அது தீர்மானம் ஆகவில்லை. அதை அடித்துவிட வேண்டும் என்று தலைமை ஆசிரியர் சொன்னார். அடிப்பதானால் ஏன் அடிக்கிறோம் என்று ஒரு வாக்கியம் எழுத வேண்டும் என்றேன் நான். அந்த வாக்கியத்தைச் சொல்ல ஒருவரும் முன்வரவில்லை. பெட்டியை இழுத்து மடியில் வைத்துக்கொண்டு, கையை இறுக்காமல் அழுத்தத் தொடங்கினேன்.