பாதிச் சொல் கொடுத்தால்

என் தம்பி பெண்டாட்டியைத் தெருவில் எல்லோரும் ஜோடி டீச்சர் என்றுதான் சொல்வார்கள். கல்யாணத் தரகு பார்க்கிறவள் என்று நினைத்து, மகனுக்குப் பெண் பார்க்கச் சொல்லி வாசலில் வந்து நின்றவரும் உண்டு. அவருக்கு ஒரு காப்பி கொடுத்து, இங்கே ஜோடி சேருவது இங்கிலீஷ் சொற்கள்தான் என்று விளக்கி அனுப்பி வைத்தாள்.

அவள் எங்களுக்கு அந்நியம் இல்லை. எங்கள் அம்மாவின் பெரியப்பா மகன் ஒருவர் இருந்தார், பெரிய மாமா என்போம். அவருடைய இரண்டாவது தாரத்துக்கு மூத்த மகள் இவள். அந்த மாமா வீட்டுப் பெண்கள் வாயைத் திறந்தால் மூட மாட்டார்கள். என் தம்பியோ நேர் எதிர். லிஃப்ட் பழுது பார்க்கிற வேலை அவனுக்கு. பகல் முழுக்க இருட்டுக் குழிக்குள் கம்பியோடும் கிரீஸோடும் மல்லுக்கட்டிவிட்டு வருவான். வீட்டுக்கு வந்தாலும் “ம்” என்பதோடு சரி. பொருத்தம் அப்படி அமைந்தது. அவள் பேசுவாள், அவன் கேட்பான்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் ஒரு பெரிய ஹோட்டலில் டெலிபோன் போர்டில் உட்கார்ந்திருந்தவள். காலேஜ் வாசலை மிதித்ததில்லை. காதில் மாட்டிக்கொண்டு யார் யாரோ பேசுவதைக் கேட்டுக் கேட்டே அந்தப் பாஷை அவளுக்குப் படிந்துவிட்டது. “அண்ணி, இங்கிலீஷ்ல ஒரு சொல்லு தனியா வராது. அதோட ஆளையும் கூட்டிக்கிட்டுத்தான் வரும்” என்பாள். மழைக்கு ஹெவி, டீக்கு ஸ்ட்ராங். இடம் மாற்றிச் சொன்னாலும் கேட்கிறவருக்குப் புரியத்தான் செய்யும். ஆனால் சோற்றில் கல் கடிபட்ட மாதிரி முகம் சுருங்கும். எந்தச் சொல்லுக்கு எது துணை என்று அவள் யோசித்து நான் பார்த்ததில்லை. தாய்க்கோழி குஞ்சை அடையாளம் காண்கிற மாதிரி பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவாள். எனக்குத் தெரிந்த இங்கிலீஷ் பஸ்ஸும் பல்பும்தான். அடுப்படியில் நின்று கேட்கிற எனக்கே பிரமிப்பாக இருக்கும்.

வீட்டு முன்னறையில்தான் வகுப்பு, சுவரில் ஒரு கரும்பலகை மாட்டியிருக்கும். கடையில் நிற்கிறவர்கள், ஆஸ்பத்திரி ஆயாக்கள், கூரியர்காரர்கள் எல்லாம் வேலை முடிந்து வருவார்கள். ஒரு பழைய சினிமாக் கொட்டகையை இடித்தபோது தம்பி தோளில் சுமந்து கொண்டு வந்த பெஞ்சுகள் அங்கே வரிசையாகக் கிடக்கும். வருகிறவர்களில் தெருமுனை சலூன்காரர் ஒரு தனிப் பிறவி. அவருக்கு எதைச் சொன்னாலும் முதல் பாதிதான் நினைவில் நிற்கும். மீதிப் பாதிக்குக் கூரையைப் பார்ப்பார். ‘ஃபாஸ்ட் அஸ்லீப்’ என்றால் அயர்ந்த தூக்கமாம்.

“தூங்குறதுல என்ன டீச்சர் ஃபாஸ்ட்டு? ஓடிக்கிட்டே தூங்குவாங்களா?” என்று கேட்டார்.

“பச்சைப் பொய்னு சொல்றீங்களே, பொய்க்கு ஏதுங்க கலரு? எங்க, ஊதாப் பொய்னு ஒரு தடவை சொல்லுங்க பார்ப்போம்” என்றாள் இவள்.

வகுப்பு மொத்தமும் சிரித்தது. சலூன்காரர் வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் ஊதாப் பொய், ஊதாப் பொய் என்று சொல்லிப் பார்த்துக்கொண்டே போனாராம். வாயில் நிற்கவே இல்லையாம்.

அப்படிப்பட்டவள் ஒரு காலையில் தண்ணீர்ச் செம்பைக் கையில் எடுத்தாள். செம்பு நழுவியது, அவளும் சரிந்தாள். ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றிக் கொடுத்துவிட்டார்கள். பக்கவாதத்தில் விழுந்த வலது கையும் காலும் மெல்ல மெல்ல அசைய ஆரம்பித்தன. பேச்சு மட்டும் வரவில்லை. நாம் சொல்வது எல்லாம் அவளுக்குப் புரிகிறது, உள்ளே சொற்களும் இருக்கின்றன, வெளியே வருகிற பாதைதான் அடைபட்டிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். வாயைத் திறந்தால் “தா” என்று ஒரே சத்தம். தண்ணீருக்கும் தா, தம்பிக்கும் தா, எனக்கும் தா. ஆமாம் என்பதற்குத் தலையை ஆட்டினாலும் அது ஆமாமா இல்லையா என்று தெரியாது. அவளுக்கே கோபம் வந்து இடது கையால் கட்டிலைக் குத்துவாள். தம்பி பக்கத்தில் உட்கார்ந்திருப்பான். இத்தனை வருஷமும் கேட்டுக்கொண்டே இருந்தவன். கேட்க ஒன்றும் இல்லாமல் போனதும் அவன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

நான் என் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அங்கேயே வந்துவிட்டேன்.

ஒருநாள் சலூன்காரர் வந்தார். ஆஸ்பத்திரியில் கிடந்து அவள் தலைமுடி சிக்குப் பிடித்துப் போயிருந்தது. கழுத்தைச் சுற்றித் துணி கட்டி, சிக்கு விழுந்த இடத்தை மட்டும் பதமாக வெட்டிக்கொண்டிருந்தார். மௌனமாக வெட்ட அவருக்கு வராது. வெளியே மழை கொட்டிக்கொண்டிருந்தது. டீச்சரைச் சந்தோஷப்படுத்த வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, “பாருங்க டீச்சர், வெளிய ஹெவி...” என்று ஆரம்பித்தார். வழக்கம்போல் மீதி மறந்து கூரையைப் பார்த்தார்.

“ரெயின்” என்று துணிக்குள்ளிருந்து குரல் வந்தது.

கத்தரிக்கோல் அந்தரத்தில் நின்றது. கீரை ஆய்ந்துகொண்டிருந்த நான் அப்படியே எழுந்துவிட்டேன். அவள் குரலேதான். குழறல் இல்லை, திக்கல் இல்லை. அவளுக்கும் நம்பிக்கை வரவில்லை போல. நல்ல கையால் வாயைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

சலூன்காரர் கத்தரிக்கோலைக் கீழே வைத்தார். “ஃபாஸ்ட்” என்றார். அஸ்லீப் வந்தது. “கேட்ச் எ” என்றார். கோல்ட் வந்தது, சளி பிடிப்பதாம். அந்த மனிதர் பாதி பாதியாக மனதில் போட்டு வைத்திருந்ததை எல்லாம் எடுத்து நீட்டினார். இவள் மறுபாதியைக் கொடுத்துக்கொண்டே இருந்தாள். மழைக்குத் துணி எடுக்க மொட்டை மாடிக்குப் போயிருந்த தம்பியை நான் ஓடிப்போய்க் கூட்டி வந்தேன். அவனுக்குத் தெரிந்த இங்கிலீஷ் லிஃப்டுக்குள் எழுதியிருப்பதுதான். அவள் எதிரே குத்துக்காலிட்டு உட்கார்ந்து, “ஓவர்” என்றான்.

“லோட்” என்றாள். சொல்லிவிட்டு அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவன் அழுதான்.

அன்று சாயங்காலம் எனக்கு ஒன்று தோன்றியது. நம் பேச்சிலும் அப்படி இருக்கிறதே என்று, “அக்கம்” என்றேன். பக்கம் வந்தது. “ஓட்டை” என்றேன். உடைசல் வந்தது. “ஏற” என்றதும் இறங்க என்றாள். ஒரு தலைக்குள் இத்தனை முடிச்சா? வீடே இடிந்த மாதிரி கிடக்கிறது, முடிச்சு ஒன்றுகூட அவிழவில்லை. யார் போட்டது, எப்போது போட்டது? என் தலையிலும் இருக்கும், இந்தச் சலூன்காரர் தலையிலும் இருக்கும், நாங்கள் பார்த்தா இருக்கிறோம்?

பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் எங்களை உட்கார வைத்து நிதானமாகச் சொன்னாள். ஒட்டிப் பழகிய சொற்கள் ஒரே கட்டாக இருக்குமாம். ஒரு முனையை இழுத்தால் மறுமுனை தானாக வந்துவிடுமாம். நல்ல அறிகுறிதான், தினமும் செய்யுங்கள் என்றாள். ஆனால் இதைப் பேச்சு என்று நினைத்துவிடாதீர்கள் என்றும் சொன்னாள். இழுப்பது நாம். அவர் நினைத்து, அவராக ஒரு சொல் சொல்ல வேண்டும். அது வந்தால்தான் பேச்சு.

அதற்கப்புறம் அந்த ஒரு சொல்லுக்காக வீடே காத்துக் கிடந்தது. தம்பி வேலை முடிந்து சலூனுக்குப் போய், பாதிப் பாதியாகச் சொற்களைக் கேட்டு மனப்பாடம் செய்துகொண்டு வருவான். ஜென்மத்தில் இவ்வளவு பேசியதில்லை அவன். அவனுக்குப் பிடித்தது “கீப் எ” என்பது. ப்ராமிஸ் என்று அவள் முடிப்பாள். சொன்ன சொல்லைக் காப்பாற்றுவது என்று அர்த்தமாம். வாக்கைக் காப்பாற்று என்று சொல்லத் தெரிந்தவளுக்கு வாய் வறண்டால் தண்ணீர் கேட்கத் தெரியவில்லை.

கட்டில் மாடியறையில் இருந்தது. படியேறுவது அவளுக்குப் பெரும்பாடு. முன்னறையைக் காலி செய்து, கட்டிலைக் கீழே இறக்குவது என்று தம்பி முடிவு செய்தான். பெஞ்சுகளை ஒரு தச்சர் எடுத்துக்கொள்கிறேன் என்றார். வண்டி வருகிற அன்று சலூன்காரரும் தூக்க ஒரு கை கொடுக்க வந்தார். முதல் பெஞ்சைத் தூக்கியதுமே இவள் நாற்காலியில் இருந்தபடி, “தா, தா” என்று ஆரம்பித்தாள்.

தம்பி தண்ணீர் கொண்டு வந்தான், தட்டிவிட்டாள். வெக்கையோ என்று நான் விசிறினேன். விசிறியைப் பிடித்து நிறுத்தினாள். முகம் சிவந்து, கண்ணில் நீர் முட்டிக்கொண்டு நின்றது. அவளைச் சமாதானப்படுத்தத் தம்பிக்குத் தெரிந்த வழி ஒன்றுதான். பக்கத்தில் உட்கார்ந்து கையைப் பிடித்துக்கொண்டு, “கீப் எ” என்றான்.

அவள் வாயை இறுக மூடிக்கொண்டாள்.

“கீப் எ” என்றான் மறுபடியும்.

உதடு குவிந்தது. ப்ரா என்று பாதி வந்துவிட்டது. அதை அவள் விழுங்கினாள். நான் பார்த்தேன், வருகிற சொல்லைத் தொண்டையில் தடுத்து உள்ளே தள்ளினாள். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. தச்சர்கூட வாசலில் அசையாமல் நின்றார்.

“பெ...” என்றாள். மூச்சு வாங்கினாள். “கீப். பெஞ்ச்.”

தம்பிக்குப் புரியவில்லை. “ப்ராமிஸ்தானே வரும்?” என்று என்னைக் கேட்டான்.

சலூன்காரர் தூக்கிய பெஞ்சைச் சத்தம் வராமல் கீழே வைத்தார். “அண்ணே, இது நாம கொடுத்ததுக்கு வந்தது இல்ல. டீச்சர் அவங்களா சொல்றாங்க. பெஞ்சு இருக்கட்டுங்கிறாங்க.”

பொருந்தாத ஜோடி ஒன்றைத் தன் காதுபடச் சொல்ல விடாதவள். அவளே ஒரு ஜோடியைப் பிய்த்துப் போட்டுவிட்டுத் தனக்கு வேண்டியதை அங்கே வைத்தாள். அந்த இடைவெளியில் அவள் என்ன பாடு பட்டாள் என்பது அவளுக்குத்தான் தெரியும். பிரசவ வலியில் நாலு பெண்களுக்குப் பக்கத்தில் இருந்திருக்கிறேன். அப்படி ஒரு பிரயத்தனத்தை அங்கேதான் பார்த்திருக்கிறேன். கைகூப்பத்தான் தோன்றியது.

தச்சர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார். தம்பி முன்னறை நடுவில் நின்றான். பெஞ்சும் இருக்க வேண்டும், கட்டிலும் வேண்டும், அறையோ கையகலம். தலையைச் சொறிந்தான்.

“அப்ப கட்டிலை எங்கம்மா போடறது?” என்று கேட்டான். அவள் பதில் சொல்வாள் என்று நினைத்துக் கேட்டதாகத் தோன்றவில்லை. அவனுக்கும் தனக்குத்தானே பேசுகிற பழக்கம் வந்திருந்தது.

அவள் இடது கையைத் தூக்கிக் கரும்பலகைக்குக் கீழே இருந்த சுவரோரத்தைக் காட்டினாள்.

“அங்க” என்றாள்.

யாரும் பாதி எடுத்துக் கொடுக்கவில்லை.