ஆறு நாள் ரிக்கர், ஏழாம் நாள் பாட்டுக்காரன்

வளைகுடாவில் டிரைவருக்கு விசா உண்டு, கொத்தனாருக்கு உண்டு, ஒட்டகம் மேய்ப்பவருக்குக்கூட உண்டு. தெம்மாங்கு பாடுகிறவனுக்கு மட்டும் கிடையாது. அதனால் என் அடையாள அட்டையில் ரிக்கர் என்று போட்டிருக்கிறது. கிரேன் தூக்குகிற சுமைக்கு பெல்ட் கட்டி, மேலே உட்கார்ந்திருக்கும் ஆபரேட்டருக்கு ஏற்று, இறக்கு என்று சொல்பவன்தான் ரிக்கர். ஆறு நாள் துபாயில் அந்த வேலை. ஞாயிற்றுக்கிழமை எந்தச் சங்கம் கூப்பிட்டாலும், எந்தத் தொழிலாளர் கேம்ப் கூப்பிட்டாலும் போய்ப் பாடுவேன். நான்கு வருடமாகப் பெயர் கொஞ்சம் கொஞ்சமாக ஏறிக்கொண்டிருக்கிறது. ஒரு வேலையில் நின்றுகொண்டு இன்னொரு வேலையை நினைத்துக் காலாட்டுகிறவர்கள் உங்களில் நிறையப் பேர் இருப்பீர்கள். உங்களுக்கு இதெல்லாம் புதிதாக இருக்காது.

அல் ஐனில் முதல் மேடை

என் முதல் மேடை அல் ஐனில், ஒரு பொங்கல் விழா. மண்டபம் மாசியில்தான் கிடைத்தது என்பதால் பொங்கலும் அந்த வருடம் மாசியில் வந்தது. முந்தின நாள் சனிக்கிழமை, சைட்டில் கம்பிக் கட்டுகளை இறக்கினோம். சுமைக்குக் கீழே யாராவது நடந்தால் "ஹட் ஜாவ், ஹட் ஜாவ்" என்று கத்தி விலக்க வேண்டியது என் பொறுப்பு. ஒருவன் காதில் பாட்டு மாட்டியிருப்பான். ஒருவன் போனில் ஊரோடு சண்டை போட்டுக்கொண்டிருப்பான். அன்றைக்குக் காலையிலிருந்து சாயங்காலம் வரை கத்தித் தீர்த்தேன்.

மறுநாள் மேடையில் மூன்றாவதாக நானே கட்டிய பாட்டை எடுத்தேன்:

கிரேனு தூக்கும் கம்பியெல்லாம்
கீழ வந்து சேருதடி
ஆளத் தூக்கி வந்த பிளேனு
எறக்கிவிட மறந்ததடி

மூன்றாவது வரியில் குரல் உடைந்து, நான்காவது வரியில் வெறும் காற்றுதான் வந்தது. தவில்காரர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே எப்படியோ ஒப்பேற்றினார். எட்டுப் பாட்டு பாட வேண்டியவன் மூன்றோடு முடித்துக்கொண்டு, போட்ட சால்வையைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்தபடி பஸ் பக்கம் நழுவினேன். அங்கேயும் சாப்பாட்டுத் தட்டோடு ஒருவர் வந்து நின்றார். அவரும் கட்டட வேலைதானாம். வெகு மரியாதையாகச் சொன்னார்: "நல்லாத்தான் பாடுனீங்க அண்ணே. ஆனா பாதியில குரல் கட்டுனதும் எங்க ஃபோர்மேன் கத்துறது ஞாபகம் வந்துருச்சு, சோறு எறங்கல."

பேசாத ரிக்கர்

அன்றோடு ஒரு முடிவுக்கு வந்தேன். இருப்பது ஒரு தொண்டை. அதை ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்துக்கொள்வது, மற்ற ஆறு நாளும் விசிலும் கையும் போதும். உரத்த விசில் ஒன்று வாங்கினேன். கைச் சைகைகளைப் புத்தகத்தில் இருக்கிறபடியே சுத்தமாகக் காட்டினேன். வாயைத் திறக்கவே இல்லை. ஒரே வாரத்தில் கேம்ப் முழுக்கப் பேச்சு. வீட்டில் சண்டை என்றார்கள் சிலர். கம்பெனி மேல் புகார் கொடுக்கப் போகிறேன் என்றார்கள் சிலர். சபரிமலைக்கு மாலை போட்டிருக்கிறேன் என்று நம்பிய ஒருவர் என்னை "சாமி" என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார்.

சேஃப்டி ஆபீசர் மட்டும் வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். சைட்டிலேயே ஒழுங்காகச் சைகை காட்டுகிற ஒரே ஆள் நான்தான் என்று மேலிடத்துக்கு எழுதி, ஒரு சான்றிதழும் வாங்கிக் கொடுத்துவிட்டார். பரிசு அதோடு நிற்கவில்லை. தினமும் காலையில் வேலை தொடங்கும் முன் இருநூறு பேருக்கு அரை மணி நேரம் நான் சைகைகளை விளக்கிப் பேச வேண்டும் என்று உத்தரவு வந்தது. கையில் கொடுத்த மைக் இரண்டாம் நாளே வேலை செய்யவில்லை, கத்திக்கத்தித்தான் விளக்கினேன். எங்கள் கிரேன் ஆபரேட்டர் காதர் அண்ணன் ராமநாதபுரத்துக்காரர், மேலே கேபினிலிருந்து வாக்கி டாக்கியில் சொன்னார்: "பேசாம இருந்ததுக்கு மைக்கக் குடுத்தானுக. இனிமே பேசிப் பாரு, விசிலக் குடுப்பானுக."

வீட்டுக்கு டைப் அடிப்பது

தொண்டையைக் காப்பாற்றும் வேகத்தில் ஒரு தப்புச் செய்தேன். சிவகங்கையில் இருக்கும் என் மனைவி செல்விக்குப் போன் பண்ணுவதைக் குறைத்து, எல்லாவற்றையும் டைப் அடித்து அனுப்ப ஆரம்பித்தேன். சாப்பிட்டாயா, மாத்திரை போட்டாயா, அத்தை எப்படி இருக்கிறார், எல்லாம் எழுத்தில்தான். எங்களுக்குக் கல்யாணமாகி ஐந்து வருடம். என் லீவையெல்லாம் சேர்த்தால் நான்கு மாதம் ஒன்றாக இருந்திருப்போம். அதிலும் இப்படிச் செய்தது எனக்கு உறைக்கவே இல்லை. ஒரு ஞாயிறு, ஷார்ஜாவில் நான் பாடியதை யாரோ நேரலையில் போட, அவள் இரண்டு மணி நேரமும் உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். முடிந்ததும் அவளே கூப்பிட்டாள். பாட்டு எப்படி என்று கேட்டேன். "முன்னூறு பேருக்குத் தொண்டை தெறக்குது, எனக்கு மட்டும் டைப் அடிக்கிறீகளோ?"

ஊர்ப் பேர்ச் சீட்டு

இங்கே என் பாட்டைவிட என் சீட்டுக்குத்தான் கிராக்கி. ஒரு பாட்டில் ஒவ்வொரு சுற்றுக்கும் ஓர் ஊர்ப் பேரை வைத்து அங்கேயே அடி கட்டிப் பாடுவேன். கூட்டத்திலிருந்து துண்டுச் சீட்டில் ஊர்ப் பேர் எழுதி அனுப்புவார்கள். பாடும்போது அந்த ஊர்க்காரன் எழுந்து ஒரு குதி குதிப்பான், போனைத் தூக்கிப் பிடித்து ஊரில் இருப்பவர்களுக்குக் காட்டுவான். அபுதாபி பக்கம் ஒரு கேம்பில் அறுபது சீட்டுக்கு மேல் வந்தது. நாற்பதைத் தாண்டும்போது கேம்பைக் கவனித்துக்கொள்ளும் கேம்ப் பாஸ் கடிகாரத்தைக் காட்டினார். மீதியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு இறங்கிவிட்டேன்.

பஸ்ஸில் ஏறும்போது ஒருவர் கையைப் பிடித்தார். கருங்குளம் என்று எழுதிக் கொடுத்தவராம். ஊருக்குப் போய் ஏழு வருடம் ஆகிறதாம். எனக்கு மனசு கேட்கவில்லை. பஸ் படியில் நின்றபடியே கருங்குளத்துக்கு நான்கு அடி கட்டிப் பாடினேன். கண்மாயும் வந்தது, கருப்பணசாமியும் வந்தார். டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். கருங்குளத்துக்காரர் கண்ணை மூடிக் கேட்டார், முடிந்ததும் கும்பிட்டார். அப்புறம் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "நல்லா இருந்துச்சுண்ணே. மைக்குல வந்திருந்தா வீட்டுல காமிச்சிருப்பேன்."

சத்வாவில் அளவெடுப்பு

துபாய் சத்வாவில் தையல் கடை வைத்திருக்கும் ஜமால் பாய் கீழக்கரைக்காரர். பாதி நேரம் தைப்பார், பாதி நேரம் எனக்கு நிகழ்ச்சி பிடித்துக் கொடுப்பார். அளவெடுத்துக்கொண்டே மஸ்கட்டுக்குப் போன் பேசுவார். என் இடுப்பளவு இரண்டு தடவை தப்பாகப் போனதற்கு அதுதான் காரணம். என்னிடம் சேர்ந்திருந்த சால்வைகளை ஒரு பையில் அள்ளிப் போய், மேடைக்கு ஒரு கோட்டு தைத்துத் தரச் சொன்னேன். ஒவ்வொன்றாக மேஜையில் விரித்தார். ஒன்றில் சங்கத்தின் பெயர், ஒன்றில் சூப்பர் மார்க்கெட் விளம்பரம், இன்னொன்றில் வேறு யாருடைய பெயரோ இருந்தது. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு என்னைப் பார்த்தார்: "கோட்டு எதுக்கு தம்பி? இதெல்லாத்தையும் ஒண்ணாத் தைச்சா டெண்டே போட்டுரலாம். உள்ள உக்காந்து பாடு, மண்டபம் தேடுற வேலை மிச்சம்."

ஃபோர்மேன் நாற்காலி

எங்கள் ஃபோர்மேன் யாதவ்ஜி ஊருக்கே திரும்பிப் போவதென்று முடிவெடுத்தார். தன் இடத்துக்கு என் பெயரைச் சொன்னார். ஃபோர்மேன் என்றால் சம்பளம் குடும்ப விசா எடுக்கிற அளவுக்கு வரும். செல்வியை இங்கேயே கூட்டி வரலாம். ஆனால் ஞாயிற்றுக்கிழமை என்பது காலண்டரில் மட்டும்தான் இருக்கும். கான்கிரீட் போட்டால் வந்து நின்றாக வேண்டும். நாள் முழுக்கக் கத்தவும் வேண்டும். இரண்டில் ஒன்றுதான். திங்கட்கிழமை பதினொரு மணிக்குள் பதில் சொல்லச் சொன்னார் மானேஜர்.

செல்வியிடம் சொன்னதும், "எப்ப வரணும்?" என்றுதான் கேட்டாள். வேறு ஒன்றும் கேட்கவில்லை. அந்த வாரம் முழுக்க என்னால் ஓர் இடத்தில் நிற்க முடியவில்லை. பெல்ட்டை மாட்டுவேன், கழற்றுவேன், சரியாக மாட்டினேனா என்று திரும்பிப் போய்ப் பார்ப்பேன். கான்டீனில் தட்டை வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போவேன், தண்ணீரை வைத்துவிட்டு வெளியே போவேன். கடைசியில் யாதவ்ஜியிடமே போய் நின்றேன். பத்து வருடம் கத்திக் கத்தி அவர் குரல் சல்லடையில் சரளைக்கல் உருட்டுகிற மாதிரி இருக்கும். அவர் இந்தியில் சொன்னதைத் தமிழில் சொன்னால் இப்படி வரும்: "தொண்டை போயிரும் பாய். ஆனா பொண்டாட்டி வந்துரும்."

சோஹார் போகிற வழி

பதில் சொல்ல வேண்டிய திங்களுக்கு முந்தின ஞாயிறு, ஓமானில் சோஹாரில் நிகழ்ச்சி. ஜமால் பாயின் காரில் காலையிலேயே கிளம்பினோம். அவர் கடை முதலாளி. எல்லையில் அட்டையைக் காட்டிவிட்டு எத்தனையோ தடவை போய்வந்தவர். அதே மாதிரிதான் எனக்கும் என்று இரண்டு பேரும் நினைத்துவிட்டோம். ரிக்கர் முன்கூட்டியே விசா எடுக்க வேண்டும் என்பது கவுண்டரில் போய் நின்ற பிறகுதான் தெரிந்தது. "இவர் பெரிய பாடகர்" என்று ஜமால் பாய் தனக்குத் தெரிந்த அரபியில் வாதாடினார். கவுண்டரில் இருந்தவர் பொறுமையாகக் கேட்டுவிட்டு, அட்டையில் ரிக்கர் என்ற இடத்தில் விரலை வைத்து, "கலாஸ்", அவ்வளவுதான், என்றார்.

திரும்பி வந்து வண்டிகள் நிற்கும் இடத்தில் வெயிலில் நின்றோம். சோஹாரில் துறைமுக வேலைக்காரர்கள் மண்டபம் நிறைய உட்கார்ந்திருக்கிறார்கள் என்று அங்கே ஏற்பாடு செய்த ஆள் போனில் அழாத குறையாகச் சொன்னார். வேறு வழியில்லாமல் போனிலேயே பாடினேன். அங்கே அவர் தன் போனை மைக்குக்குப் பக்கத்தில் பிடித்துக்கொண்டார். இங்கே ஜமால் பாய் கார் பானட்டில் தாளம் தட்டினார். நான் பாடி முடித்து மூச்சு வாங்கிய பிறகு சிரிப்பும் விசிலும் வந்து சேர்ந்தன. நான்கு தடவை லைன் அறுந்தது. நான்காம் தடவை அறுந்தபோது, போதும், போகலாம் என்று கார்க் கதவைத் திறந்துவிட்டேன். போன் மறுபடி அடித்தது. அந்த ஆள்தான்: "அண்ணே, ஒருத்தரும் எந்திரிக்கல. டவர் வர்ற வரைக்கும் உக்காந்திருக்கோம், நீங்க வண்டிய எடுத்துறாதீங்க."

பதினொரு மணி

திங்கட்கிழமை காலை ஆபீஸுக்குச் சரி என்று சொல்லத்தான் போனேன். இதை யாரும் நம்பாவிட்டாலும் பரவாயில்லை. வழியெல்லாம் செல்வியை விமான நிலையத்துக்குப் போய்க் கூட்டி வருவதைத்தான் நினைத்துக்கொண்டு போனேன். படிவம் தயாராக இருந்தது, பேனாவையும் கொடுத்தார்கள். கையெழுத்துப் போடுகிற இடத்தில் பேனாவை வைத்தேன். சோஹாரில் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்த அந்த முகம் தெரியாத கூட்டம் மனதில் வந்து நின்றது. "வேண்டாம் சார்" என்றேன். மானேஜர் ஏன் என்றுகூடக் கேட்கவில்லை. மதியத்துக்குள் அந்த இடம் வேறொருவருக்குப் போய்விட்டது.

சாயங்காலம் செல்விக்குப் போன் செய்து சொன்னேன். சொன்னபோது எனக்கு நிம்மதியாக இல்லை, வெட்கமாகத்தான் இருந்தது. அவளைக் கேட்காமல் அவளுடைய வாழ்க்கையையும் சேர்த்து வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருந்தேன். அவள் திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவள் சாதாரணமாக, கடைச் சாமான் சொல்கிற குரலில் சொன்னாள்: "பாஸ்போர்ட்டுக்குன்னு எட்டு போட்டோ எடுத்து வச்சிருக்கேன். வர்றவுக யாருகிட்டயாச்சும் ஒண்ணு குடுத்து விடுறேன், கட்டில்ல ஒட்டிக்கங்க."

பாட்டுக்காரன் என்று பெயரெடுக்க இன்னும் எத்தனை வருடம் ஆகுமோ தெரியாது. பொண்டாட்டியைக் கூட்டி வராதவன் என்கிற பெயரை மட்டும் ஒரே காலையில் எடுத்துவிட்டேன்.